மடித்து ஒட்டிய படம்

தனத்துக்கு வாக்குச்சாவடி வரிசையில் இரண்டாவது ஆளாக நின்று பழக்கம் இல்லை. எண்பத்தொன்பதில் அவளுக்கு முதல் ஓட்டு. அன்றிலிருந்து எந்தத் தேர்தலாக இருந்தாலும் பள்ளிக்கூடத்துக் கதவைத் திறக்கும்போது வாசலில் அவள்தான் முதலில் நிற்பாள். நைட் டூட்டி முடித்து, முகம் கழுவி, நேராக வந்து நின்ற தேர்தலும் உண்டு. அப்படிப்பட்டவள் சென்ற நாடாளுமன்றத் தேர்தலுக்கு ஒரு மாதம் இருக்கும்போது, இந்தத் தடவை ஓட்டுப் போடப் போவதில்லை என்றாள்.

நானும் அவளும் மந்தாரக்குப்பத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் இருபத்திரண்டு வருஷம் ஒன்றாக வேலை பார்த்தோம். நான் நோயாளிப் பராமரிப்பில் பயிற்சி முடித்துப் போனவள். அவள் வார்டு ஆயாவாகச் சேர்ந்து பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டவள். படுக்கையில் கிடப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும் என்று நான் ஒரே ஒரு தடவைதான் சொன்னேன். அதற்குப் பிறகு அவள் இருந்த வார்டில் யாருக்கும் முதுகில் புண் வந்ததில்லை.

அந்த நாட்களை இப்போது நினைத்தால் முதலில் வருவது அவள் போடும் டீதான். பால் சேர்க்க மாட்டாள். சாயத்தைத் தனியாக இறக்கி, உள்ளங்கையில் கொஞ்சம் சர்க்கரை வைத்துக்கொண்டு, நக்கி நக்கிக் குடிப்பாள். நிலக்கரிச் சுரங்கத்தின் அதிகாலை ஷிப்டுக்குப் போகும் பஸ்கள் ஒன்றன் பின் ஒன்றாகக் கடந்து போகும் சத்தம் கேட்கும். ஜன்னல் விளிம்பில் கரித்தூள் படிந்திருக்கும். அதை விரலால் துடைத்துவிட்டு அங்கே டம்ளரை வைப்பாள். இதென்ன குடி என்று கேட்டால், எங்கள் தோட்டத்தில் இப்படித்தான் என்பாள். அவள் தோட்டம் என்று சொன்னது இலங்கையில், ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தை. அவள் பிறந்தது அங்கே.

அங்கே நூறு வருஷத்துக்கு மேல் கொழுந்து பறித்த குடும்பங்களை, சுதந்திரம் வந்ததும் இலங்கைக்காரர்கள் தங்கள் குடிமக்கள் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். இந்தியாவும் சும்மா எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு இரண்டு அரசாங்கமும் உட்கார்ந்து பேசி, இத்தனை லட்சம் பேர் உனக்கு, இத்தனை லட்சம் பேர் எனக்கு என்று பிரித்துக்கொண்டார்கள். இந்தியா வேண்டும் என்று மனுப் போட்டவர்களைப் பதிவு செய்து பாஸ்போர்ட் கொடுத்தார்கள். தனத்தின் அப்பா தங்கராசு இந்தியாவுக்கு மனுப் போட்டார். அவளுடைய அம்மாவைப் பெற்றவள் இலங்கைக்குப் போட்டாள். மூத்த பையன் சுப்பிரமணியன் கைக்குழந்தையிலிருந்தே பாட்டியோடு வளர்ந்ததால் அவன் பெயர் பாட்டியின் மனுவில் ஏறிவிட்டது. எழுபத்துமூன்றில் அப்பா, அம்மா, நாலு வயதுத் தனம் மூவரும் தலைமன்னாரில் கப்பல் ஏறினார்கள். பதின்மூன்று வயது அண்ணன் ஹட்டன் ஸ்டேஷனோடு நின்றுவிட்டான்.

இந்தக் கரையில் இறங்கி மண்டபம் முகாமில் இருந்தவர்களை மாவட்டம் மாவட்டமாக அனுப்பியபோது இவர்களுக்குத் தென்னார்க்காடு என்று எழுதிக் கொடுத்தார்கள். தங்கராசு மந்தாரக்குப்பத்தில் வாடகை வீடு பிடித்து, சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலைக்குப் போனார். கடைசி வரைக்கும் பர்மனென்ட் ஆகவில்லை. எழுபத்தெட்டில் மனைவி மாரியாயி மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். தனம் பிறகு முத்தாண்டிக்குப்பத்துக் கண்ணையனைக் கட்டிக்கொண்டாள். சத்யா என்று ஒரே மகள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன வருஷத்துக்கு முந்தின வருஷம், ஹட்டனில் அண்ணனுக்குச் சிறுநீரகம் கெட்டு, வாரத்துக்கு இரண்டு முறை டயாலிசிஸ் என்று ஆனது. போனில் முகம் பார்த்துப் பேசுவார்கள். கால் வீங்கியிருக்கிறதா, காட்டுங்கள் என்பேன் நான் பக்கத்தில் இருந்து. அவர் காட்டுவார். அழுத்திய இடத்தில் குழி அப்படியே நின்றது. வெகுநாள் இருக்க மாட்டார் என்று எனக்குத் தெரிந்தது. தனத்துக்கும் தெரிந்தது. ஐம்பது வருஷமாக நேரில் பார்க்காத அண்ணன். போய்ப் பார்க்கப் பாஸ்போர்ட் வேண்டும்.

விண்ணப்பத்தைச் சத்யா செல்போனில் நிரப்பினாள். பிறந்த ஊர் என்ற இடம் வந்ததும், கடலூர் என்று போட்டுவிடலாம், யார் பார்க்கப்போகிறார்கள் என்றாள். தெரிந்தவர்கள் எல்லாரும் அதையேதான் சொன்னார்கள்.

"பொறந்த எடத்த மாத்தி எழுதினா, எங்கம்மா என்ன எங்க பெத்தா?" என்றாள் தனம். "ஹட்டன்னே போடு."

ஹட்டன் என்று போட்டார்கள். இலங்கையில் பிறந்தவர் என்றால் இந்தியக் குடியுரிமைக்கு என்ன சான்று என்று கேள்வி வந்தது. கேட்டது தவறில்லை. கேட்கத்தான் வேண்டும். ஆதார், ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை எல்லாவற்றையும் தனம் அடுக்கினாள். இவையெல்லாம் நீங்கள் இங்கே இருப்பதைத்தான் காட்டும், குடிமகள் என்று காட்டாது என்று சொல்லிவிட்டார்கள். கண்ணையனுக்குக் கோபம் வந்தது.

"என்னக் கட்டிகினு முப்பது வருசமாவுது. அது பத்தாதா?" என்றார்.

பத்தாது. இந்தியரைக் கட்டிக்கொண்டால் தானாகக் குடியுரிமை வந்துவிடாது. ஏழு வருஷம் இங்கே வாழ்ந்த பிறகு தனியாக மனுப் போட்டுப் பதிவு செய்துகொள்ள வேண்டும். அதை நான் எடுத்துச் சொன்னதும், "அப்ப நான் வெத்துப் புருசனா?" என்று கேட்டுவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

தனத்தைக் கலங்கவைத்தது வேறு. அலுவலக வாசலில் மனு எழுதிக் கொடுக்கும் ஆள் போகிற போக்கில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தார். குடியுரிமை இல்லையென்றால் இத்தனை நாள் ஓட்டுப் போட்டதே குற்றமாச்சே அம்மா என்று. அவள் அதைப் பிடித்துக்கொண்டாள்.

"கேக்காமப் போயி முப்பத்தஞ்சு வருசம் ஓட்டுப் போட்டிருக்கேன்க்கா. அடுத்தவங்க வூட்டுப் பந்தியில போயி மொத ஆளா உக்காந்த மாதிரி இருக்குது," என்றாள்.

நான் சமாதானம் சொல்லவில்லை. சமாதானத்தால் எந்தப் புண்ணும் ஆறியதில்லை. உன் அப்பாவுக்குக் கொடுத்த பழைய பாஸ்போர்ட் எங்கே என்று கேட்டேன்.

இருந்தது. ஆனால் படம் இல்லாமல் இருந்தது. அப்படி வந்த குடும்பங்கள் பலவற்றுக்குப் பாஸ்போர்ட் என்றால் கப்பல் டிக்கெட். ஏறி இறங்கியதும் அதன் வேலை முடிந்தது. அரிசி கொடுத்த குடும்ப அட்டையைத்தான் உயிர்போல் வைத்திருந்தார்கள். தங்கராசும் அப்படித்தான். அந்த அட்டை ஒரு புயல் மழையில் ஊறிக் கூழாகப் போனது. பாஸ்போர்ட் டிரங்குப் பெட்டியின் அடியில் பழைய துணியோடு கிடந்ததால் தப்பியது. மாரியாயி செத்துப் பதினாறாம் நாள் காரியத்துக்கு மாலை போட ஒரு படம் வேண்டியிருந்தது. அவள் ஆயுளில் எடுத்த ஒரே படம் பாஸ்போர்ட்டில் மூவருமாக இருந்ததுதான். தங்கராசு பிளேடால் அதைக் கீறி எடுத்து, கையகலச் சட்டத்தில் மாட்டிவிட்டார். அதில் மாரியாயி மட்டும் இருப்பாள். அப்பா தன்னையும் மகளையும் வெட்டி எறிந்துவிட்டார் என்றுதான் தனம் நினைத்திருந்தாள்.

கடலூரில், தாயகம் திரும்பியோர் விவகாரங்களைப் பார்க்கும் பிரிவில் காந்திமதி என்று ஒரு அதிகாரி. நானும் கூடப் போனேன். அந்தம்மா புத்தகத்தைப் பொறுமையாகப் புரட்டினார். தங்கராசு, மனைவி மாரியாயி, மகள் தனம், வயது நாலு, எல்லாம் எழுதியிருந்தது. படம் இருக்க வேண்டிய இடத்தில் சதுரமாக ஓட்டை. ஓட்டையின் வலது மேல் மூலையில் வட்ட முத்திரையின் பாதி மட்டும் தாளில் இருந்தது.

"படம் இல்லாத பாஸ்போர்ட்டை வச்சு நான் எழுதித் தர முடியாதும்மா. யாரோட பாஸ்போர்ட்டையும் யாரும் எடுத்துக்கிட்டு வரலாமில்ல?" என்றார்.

தனம் தலையாட்டிவிட்டு எழுந்துவிட்டாள். திரும்பும் பஸ்ஸில்தான், அப்படியானால் இந்தத் தடவை ஓட்டுப் போடப் போவதில்லை என்று சொன்னாள். தப்பு என்று தெரியாமல் செய்தது வேறு, தெரிந்து செய்வது வேறு என்றாள்.

அன்று சாயங்காலம் அவள் வீட்டில் டீ குடித்துக்கொண்டே மாரியாயி படத்தைப் பார்த்தேன். நூறு தடவை பார்த்த படம்தான். அன்றைக்குப் பார்க்க வேண்டிய விதமாகப் பார்த்தேன். அந்தக் காலத்துப் படங்களுக்கு நாலு பக்கமும் வெள்ளை ஓரம் இருக்கும். இதில் மேலேயும் கீழேயும் ஓரம் இருந்தது. இரண்டு பக்கவாட்டிலும் இல்லை. வெட்டியிருந்தால் விளிம்பு கூர்மையாக நிற்கும். இது உருண்டு பின்னால் போயிருந்தது.

"தனம், உங்கப்பா வெட்டல. மடிச்சிருக்காரு," என்றேன்.

ஏன் என்று கண்ணையன்தான் முதலில் புரிந்துகொண்டார். உயிரோடு இருக்கிறவர்களின் படத்துக்கு யாராவது மாலை போடுவார்களா? அதுவும் ஒன்பது வயதுப் பிள்ளை படத்துக்கு? வெட்டி எறியவும் எந்தத் தகப்பனுக்கும் கை வராது. மடித்துப் பின்னால் ஒட்டியிருப்பார் என்றார்.

சட்டத்தைப் பிரிக்கத் தனம் பயந்தாள். நாற்பத்தைந்து வருஷம் ஒவ்வொரு அமாவாசைக்கும் பூ வைத்த படம். கிழிந்துவிட்டால் அம்மா முகமே இல்லாமல் போய்விடும். அது நியாயமான பயம். கை வைக்கிறவள் நான் என்பதால் நானும் யோசித்தேன். முதலில் செல்போனில் படத்தை நாலைந்து தடவை எடுத்து வைக்கச் சொன்னேன். பிறகு வெதுவெதுப்பான தண்ணீர், பஞ்சு, இடுக்கி, வெள்ளைத் துணி கொண்டுவரச் சொன்னேன்.

ஆறாத புண்ணில் ஒட்டிக்கொண்ட கட்டுத்துணியை எப்படி எடுப்போமோ அப்படித்தான். இழுக்கக் கூடாது. ஓரத்தை நனைத்து, காத்திருந்து, அது தானாக விடுகிற அளவுக்கு மட்டும் தூக்க வேண்டும். மைதாப் பசை கல்லாக இறுகியிருந்தது. ஒன்றரை மணி நேரம் ஆனது. தனம்தான் பஞ்சு நனைத்துக் கொடுத்தாள். வார்டில் நின்ற மாதிரியே, நான் கேட்கும் முன்னால் கைக்கு வந்தது. அப்படி நாங்கள் சேர்ந்து வேலை செய்து பல வருஷம் ஆகியிருந்தது.

இடது மடிப்பு முதலில் விட்டது. தங்கராசு, வாரிய தலையும் இரவல் கோட்டுமாக. வலது மடிப்பில் அம்மாவின் இடுப்பில் ஒரு பெண் குழந்தை. காமிராவைப் பார்க்காமல் பக்கத்தில் எங்கோ பார்த்துக்கொண்டிருந்தது. அதன் தலைக்கு மேல், மூலையில், ஊதா மையில் அரை வட்டம்.

தனம் தன்னுடைய சின்ன வயது முகத்தை அதற்கு முன் பார்த்ததே இல்லை. கொஞ்ச நேரம் குனிந்து பார்த்தாள். "மூக்கு சத்யா மூக்கு," என்றாள். பிறகு சிந்திய தண்ணீரைத் துடைக்கப் போனாள்.

படம் காய்ந்ததும் கடலூர் போனோம். காந்திமதி அம்மா அதை ஓட்டையில் வைத்து, நகத்தால் மெல்ல நகர்த்தினார். அரை வட்டமும் அரை வட்டமும் சேர்ந்தன. எழுத்துகள் கோடு மாறாமல் ஓடின. பழைய பதிவேட்டை எடுத்துவரச் சொல்லி எண்ணையும் ஒத்துப் பார்த்தார். தனம் நின்றுகொண்டே இருந்தாள்.

"ஒண்ணு கேக்கணுங்க," என்றாள். "நான் எப்பலேர்ந்து இந்தியாங்க?"

அதிகாரி பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். "கப்பல் ஏறுறதுக்கு முன்னாடியே பதிவாயிருக்கும்மா. நீங்க அங்க இருக்கும்போதே எங்க ஆளு."

"அப்ப நான் போட்ட ஓட்டெல்லாம்?"

"எல்லாம் செல்லும். எந்தக் கட்சிக்குப் போட்டீங்கன்னு மட்டும் சொல்லாதீங்க."

தனம் சிரித்து நான் பார்த்து மூன்று மாதம் ஆகியிருந்தது.

தேர்தல் அன்று காலையில் வழக்கம்போல் முதல் ஆளாக நின்றாள். பின்னால் நின்ற ஒருத்தி, "உனக்கு வேற வேல இல்லியா?" என்று கேட்டாள். "இல்லடி, இதுதான் வேல," என்றாள் தனம். பாஸ்போர்ட் அடுத்த மாதம் தபாலில் வந்தது. திருச்சியிலிருந்து விமானம் ஏறினாள். பத்து நாள் அண்ணனோடு இருந்து, கால் பிடித்து, உப்பில்லாமல் சமைத்துப் போட்டுவிட்டு வந்தாள்.

அங்கே நடந்ததை அவள் அதிகம் சொல்லவில்லை. சொன்னது இரண்டுதான். அண்ணன் அவள் விரல் நகத்தில் மிச்சமிருந்த மையைப் பார்த்து, "இந்தியாவுல மை அழிய இத்தன நாளு ஆகுமா? எங்க நாட்டு மை பரவாயில்லை," என்றாராம். படத்தின் பிரதியைக் கையில் கொடுத்ததும் அவர் குழந்தையைத்தான் தொட்டுக் காட்டினாராம். அன்றைக்கு அவள் அழுதுகொண்டே இருந்ததாகவும், படம் எடுப்பவர் பக்கத்தில் தான் நின்று விளையாட்டுக் காட்டியதாகவும் சொன்னாராம். குழந்தை பார்த்துக்கொண்டிருந்தது அவரைத்தான். ஆவணியில் அவர் காலமானார்.

மூலப்படம் பல நாள் உறையிலேயே கிடந்தது. அடுத்த அமாவாசைக்குள் சட்டம் போட்டுவிடச் சொன்னேன். தனம் அதை மந்தாரக்குப்பத்தில் கண்ணாடிக் கடை வைத்திருக்கும் அசோக்குமாரிடம் எடுத்துப் போனாள். மூன்று பேரும் நன்றாகத் தெரிகிறார்களே, அப்படியே போட்டுவிடலாமே என்றார் அவர். வேண்டாம் என்றாள். அப்பா போய் இருபத்துமூன்று வருஷம் ஆகிறது, அவர் பக்கத்தை விரித்து வைக்கலாம், குழந்தை இருக்கும் பக்கத்தை மட்டும் பின்னால் மடித்துவிடுங்கள் என்றாள்.

"ஏம்மா, அந்தப் புள்ளைய மட்டும் மறைக்கணும்?" என்று கேட்டார்.

"அது இன்னும் உசுரோட இருக்குதுங்க," என்றாள் தனம்.

எந்தப் பக்கம் மடித்திருக்கிறது என்று சத்யாவிடம் காட்டி வைத்திருக்கிறாள். பசை தடவ வேண்டாம் என்று நான்தான் சொன்னேன்.