நல்வரவு போர்டும் ஒரு வெங்காயக் கடையும்

1. பெல்லாரி

தீர்மானம் நிறைவேறிய அன்று ஆபீசில் எல்லோருக்கும் வெங்காய பஜ்ஜி சொல்லியிருந்தார்கள். டீக்கடைக்காரர் "கட்டுப்படி ஆகாதுங்க" என்று வாழைக்காய் பஜ்ஜி அனுப்பி வைத்தார். விலைவாசி உயர்வால் அவதிப்படும் மக்களுக்குப் பேரூராட்சியே மலிவு விலையில் வெங்காயம் விற்பது என்பதுதான் தீர்மானம். வாழைக்காய் பஜ்ஜியைத் தின்றுகொண்டே கைதட்டினோம்.

இது தொண்ணூறுகளின் கடைசியில் நடந்தது. பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் ரோட்டில் ஒரு பேரூராட்சி. பெயர் வேண்டாம், நான் பென்ஷன் வாங்குகிறவன். அங்கே நான் பில் கலெக்டர். வீட்டு வரியும் குடிநீர்க் கட்டணமும் வசூல் செய்வது என் வேலை. ஊரில் யார் வீட்டில் அடுப்பு எரிகிறது, யார் வீட்டில் எரியவில்லை என்பது பில் கலெக்டருக்குத் தெரிகிற மாதிரி வேறு யாருக்கும் தெரியாது. ஆனால் அதை யாரும் அவனிடம் கேட்பதில்லை.

எங்கள் பக்கம் சின்ன வெங்காயம் விளைகிற சீமை. அறுவடை முடிந்தால் வயலிலேயே குச்சி கட்டி, காற்றோட்டமாகப் பட்டறை போட்டு வெங்காயத்தைச் சேர்த்து வைப்பார்கள். இப்படிப்பட்ட ஊருக்கு நிவாரணமாக வந்து இறங்கியது பெல்லாரி என்கிற பெரிய வெங்காயம். திருச்சியிலிருந்து லாரியில் வந்தது. எங்கள் ஊர் பெண்களுக்குப் பெல்லாரி என்பது ஓட்டல் சரக்கு. அதைச் சாம்பாரில் போட்டால் இனிக்கும் என்பார்கள். மலிவு விலைக் கடையில் முதல் நாள் மூட்டையாக வாங்கிப் போனவர், எங்களுக்கு வாழைக்காய் பஜ்ஜி அனுப்பிய அதே டீக்கடைக்காரர்.

2. கூடை

கடையைப் போட இடம் பார்த்ததில்தான் வினையே வந்தது. செவ்வாய்க்கிழமை சந்தையின் வாசலில், ஆள் புழங்குகிற நல்ல இடத்தில் பந்தல் போடச் சொன்னார் ஈ.ஓ., அதாவது செயல் அலுவலர். நல்ல மனிதர், ஆனால் எதற்கும் பந்தல் போட்டால்தான் வேலை நடந்ததாக நினைப்பவர். அந்த இடத்தில் பல வருஷமாகக் கூடை வைத்துச் சின்ன வெங்காயம் விற்றுக்கொண்டிருந்தவர் சரோஜா. கணவர் சிமெண்ட் ஆலையில் மூட்டை ஏற்றும்போது இடுப்பில் அடிபட்டு வீட்டோடு கிடந்தார். இரண்டு பெண் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தன. வயலுக்கே போய்ப் பட்டறையில் வெங்காயம் வாங்கி வந்து விற்பதுதான் அந்தக் குடும்பத்தின் சாப்பாடு. விலைவாசியால் அவதிப்படும் மக்கள் என்று தீர்மானத்தில் எழுதியிருந்தோமே, அதற்கு ஒரு ஆளைக் காட்டு என்றால் நான் சரோஜாவைத்தான் காட்டியிருப்பேன். அவரைத்தான் முதலில் கிளப்பினோம்.

போதாததற்குச் சந்தையைக் குத்தகை எடுத்திருந்த ராமலிங்கம் கூடைச் சுங்கத்தை இரண்டு மடங்காக்கினார். ஏன் என்று நான் கேட்டேன்.

"வெங்காயம் வெலை ஏறிடுச்சுல்ல சார்? அவங்க மட்டும் சம்பாரிக்கலாமா? நானும் ஏலம் எடுத்தவன்தானே."

சரோஜா ஆபீசுக்கே வந்துவிட்டார். ஈ.ஓ. மேஜைக்கு முன்னால் நின்றார்.

"சார், எடத்தையும் எடுத்துக்கிட்டீங்க, சுங்கத்தையும் ஏத்திட்டீங்க. நான் எங்க போயி விக்கிறது? சுங்கத்தையாச்சும் கொறைக்கச் சொல்லுங்க."

"அது ஏலம் விட்டாச்சும்மா. குத்தகைக்காரர் விவகாரத்துல நாங்க தலையிட முடியாது. கஷ்டமா இருந்தா சொல்லு, ரேஷன் கார்டைக் கொண்டாந்தா நீயும் ஒரு கிலோ பெல்லாரி வாங்கிக்கலாம்."

வெங்காயம் விற்கிறவருக்கு வெங்காயம் கொடுத்து உதவி செய்ய முன்வந்த ஒரே பேரூராட்சி எங்களுடையதாகத்தான் இருக்கும். சரோஜா கும்பிட்டுவிட்டு வெளியே போனார். எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆத்திரத்தோடு போய் நாலு வீட்டில் குடிநீர்க் கட்டணம் கேட்டேன். பில் கலெக்டரின் ஆத்திரம் வேறு எங்கே போகும்?

3. போர்டு நடந்தது

ஊரின் அரியலூர்ப் பக்க எல்லையில் ஒரு பெரிய தகர போர்டு இருந்தது. வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு "நல்வரவு" என்றும், போகிறவர்களுக்கு "நன்றி, மீண்டும் வருக" என்றும் இருபக்கமும் எழுதியிருக்கும். உண்மையான எல்லை இன்னும் தள்ளி, ஏரி மதகுப் பக்கம். போர்டு நட்டபோது குழி தோண்டின இடத்திலெல்லாம் சுண்ணாம்புப் பாறை தட்டியதால், மண் இளகிய இடத்தில் நட்டுவிட்டு வந்துவிட்டார்கள். ஆனால் ராமலிங்கத்தின் ஏல நிபந்தனையில், சுங்கம் வசூலிக்கும் எல்லை என்று எழுதியிருந்தது இந்தப் போர்டு வரைக்கும்தான்.

அடுத்த செவ்வாய், சரோஜா போர்டுக்கு அந்தப் பக்கம் கூடையை இறக்கினார். சுங்கம் கிடையாது என்பதால் விலையும் குறைவு. ஒரே மாதத்தில் கூடைக்காரப் பெண்கள் எல்லோரும் அங்கே போய்விட்டார்கள். ஊர் சனமும் பையைத் தூக்கிக்கொண்டு அங்கேதான் நடந்தது. வேலை விட்டு வரும் ஆலைத் தொழிலாளிகள் பஸ்ஸை நிறுத்தி இறங்கினார்கள். எங்கள் மலிவு விலைக் கடையில் ஈ மட்டும் மொய்த்தது.

ராமலிங்கம் ஈ.ஓ.விடம் வந்து குதித்தார். "போர்டைத் தள்ளி நடுங்க சார். எல்லை அங்கதானே இருக்கு?"

நட்டோம். பாறை தட்டாத இடமாகப் பார்த்துக் கொஞ்சம் தள்ளி; ஐந்து ஆட்கள், இரண்டு கடப்பாரை, ஒரு நாள் வேலை. அடுத்த வாரம் பெண்கள் போர்டைத் தாண்டிப் போய் உட்கார்ந்தார்கள். ராமலிங்கம் மறுபடி வந்தார். மறுபடி நட்டோம். பெண்கள் மறுபடி தாண்டினார்கள்.

மூன்றாவது தடவைக்கும் உத்தரவு வந்தது. இந்த முறை மதகுக்கே கொண்டுபோய் நட வேண்டும். அதைத் தாண்டினால் ஒருபக்கம் ஏரித் தண்ணீர், மறுபக்கம் கருவேலங்காடு. அவ்வளவு தூரம் எவரும் வெங்காயம் வாங்க நடக்க மாட்டார்கள், பஸ்ஸும் நிற்காது. சரோஜா என்னை வழியில் மறித்தார்.

"சார், அங்கன நட்டுட்டீங்கன்னா என் பொழப்பு முடிஞ்சுது. பெரியவளை பள்ளிக்கூடத்துலேருந்து நிறுத்தித்தான் ஆவணும்."

"என் கையில என்னம்மா இருக்கு?" என்றேன். உண்மையிலேயே ஒன்றும் இல்லை.

4. ஆய்வு

போர்டைப் பிடுங்க வேண்டியது புதன்கிழமை. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மாவட்டத்திலிருந்து ஒரு பெரிய அதிகாரி மலிவு விலைக் கடையைப் பார்வையிட வருவதாகத் தகவல். ஈ.ஓ. கடை முன்னால் ஆபீஸ் ஊழியர்களின் குடும்பத்தையெல்லாம் பையோடு வரிசையில் நிறுத்தினார். என் மனைவியும் நின்றாள். "பெல்லாரிய வாங்கிட்டு வந்தேன்னா நீங்கதான் திங்கணும்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டாள். எல்லையில் நின்று மாலை போட்டு அழைத்து வரும் வேலை எனக்கு.

அதிகாரி பெரம்பலூர்ப் பக்கமிருந்து வருவார் என்றுதான் சொல்லியிருந்தார்கள். நான் மட்டும் எதற்கும் இருக்கட்டும் என்று அரியலூர்ப் பக்கம் போய் நின்றேன். பந்தலைப் பார்த்துக்கொண்டு நிற்கப் பிடிக்கவில்லை என்பதும் ஒரு காரணம். அரியலூரைத் தாண்டி ரெட்டிபாளையம் பக்கம் ஏதோ வேலையை முடித்துக்கொண்டு, அவர் ஜீப் என் பக்கமாகவே வந்தது.

தூரத்திலிருந்தே அவர் பார்த்தது இதுதான்: "நல்வரவு" என்ற பெரிய போர்டு, அதன் நிழலில் வரிசையாகக் கூடைகள், சுற்றிலும் ஐம்பது அறுபது பேர் முண்டியடித்து வெங்காயம் வாங்கும் காட்சி. ஜீப் நின்றது. நான் மாலையோடு ஓடினேன்.

"பிரமாதம்யா," என்றார் அதிகாரி. "எல்லையிலேயே கடையா? யார் ஐடியா இது?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் சரோஜாவின் கூடைக்கு முன்னால் குனிந்துவிட்டார். "என்னம்மா, பேரூராட்சி உங்களையெல்லாம் நல்லா கவனிச்சுக்குதா?"

சரோஜா போர்டை அண்ணாந்து பார்த்தார். என்னையும் ஒருமுறை பார்த்தார்.

"நல்லா கவனிக்குதுங்கய்யா. நாங்க எங்க போனாலும் பின்னாடியே வருது."

அதிகாரிக்கு ஒரே சந்தோஷம். "வேற என்ன வசதி வேணும், தைரியமா கேளு."

"ஒண்ணும் வேணாங்கய்யா. இந்தப் போர்டை மட்டும் இங்கனயே வுட்டுடச் சொல்லுங்க. மத்தியானத்துக்கு மேல நெழலுக்கு ஒண்டிக்கிறோம்."

"இவ்வளவுதானா?" என்றவர், கூட வந்த கிளார்க்கைப் பார்த்து, "எழுதிக்க. இந்தப் போர்டை யாரும் தொடக்கூடாது" என்றார். பிறகு இரண்டு கிலோ சின்ன வெங்காயம் வாங்கிக் காசும் கொடுத்தார். ஜீப்பில் கூடவே வந்திருந்த பத்திரிகைக்காரர் படம் எடுத்தார். அதிகாரிக்கு நேரமாகிவிட்டதால் பந்தல் கடையை ஜீப்பில் இருந்தபடியே பார்த்துக் கையசைத்துவிட்டுப் போனார். வரிசையில் நின்ற என் மனைவியும் பதிலுக்குக் கையசைத்தாள்.

ராமலிங்கம் வந்து கேட்டபோது ஈ.ஓ. கையை விரித்தார். "மேலிடத்து உத்தரவுய்யா. நான் என்ன பண்றது?" அந்த வாக்கியத்தை அவர் ஒரு நல்ல காரியத்துக்காகச் சொன்னதை நான் கேட்டது அன்றுதான். பந்தல் கடை மாதக் கடைசியில் மூடப்பட்டது. திட்டம் மாபெரும் வெற்றி என்று ஆண்டறிக்கையில் வந்தது, படத்தோடு. சரோஜாவின் மூத்த பெண் பள்ளிக்கூடத்தை முடித்தது அறிக்கையில் வரவில்லை.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிற தம்பி தங்கைகளுக்கு நான் சொல்வது இதுதான். கஷ்டப்படுகிறவருக்கு என்ன கொடுக்கலாம் என்று யோசிப்பதற்கு முன்னால், அவரிடமிருந்து நாம் எதைப் பிடுங்கிக்கொண்டிருக்கிறோம் என்று பாருங்கள். அதை நிறுத்தினாலே பாதி நிவாரணம் ஆயிற்று. இதற்குப் பந்தல் தேவையில்லை, லாரி தேவையில்லை. அதனால்தான் யாருக்கும் தோன்றுவதில்லை.

அதற்குப் பிறகு நான் மாற்றலாகிப் போகும் வரை ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் போர்டைத் தாண்டிப் போய்ச் சரோஜாவிடம்தான் வெங்காயம் வாங்கினேன். இரண்டு பை கொண்டுபோவேன். ஒன்று எங்கள் வீட்டுக்கு, மற்றது ஈ.ஓ. வீட்டுக்கு.