ஏத்தத்தில் நிற்காத லொறி

எழுபதுகளின் கடைசியில் நான் தேயிலைத் தோட்டத்துக் கொழுந்து லொறி ஓட்டினேன். அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு அந்த லைசன்தான் சோறு.

ஒரு பின்னேரம் கந்தப்பளைப் பக்கம், ஏத்தத்தின் பாதியில் ஒரு பொலிஸ்காரர் கையைக் காட்டினார். நான் நிற்கவில்லை. ஹேண்ட் பிரேக் பேருக்குத்தான் இருந்தது. சில்லு உருளாமல் கட்டை போடுகிற கிளீனருக்கு அன்றைக்குக் காய்ச்சல். சுமையோடு நின்றால், மறுபடி எடுக்கும்போது லொறி பின்னால் உருண்டுவிடும். மேலே சமதரையில் நிறுத்திக் காத்திருந்தேன். அவரைக் காணவில்லை. கொழுந்து சூடாகிக் கெட்டுப்போகுமே என்று போய்விட்டேன்.

மறுநாள் கொழுந்து நிறுக்கிற இடத்தில் கணக்கப்பிள்ளை பத்திரிகை வாசித்தார். பொலிஸ் மறித்தும் நிற்காமல் ஓடுகிற சாரதிகளுக்குத் தண்டனையைக் கூட்டப்போகிறார்களாம். மறியலில் அடைப்பார்களாம், லைசனும் போகுமாம். அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. உண்மையைச் சொன்னால் பிரேக் குற்றம், சொல்லாவிட்டால் ஓடிய குற்றம்.

"சட்டமே இன்னும் வரல. அதுக்குள்ள நீங்க மறியலுக்குப் போயிட்டீங்களா?" என்றாள் என் மனைவி.

"வந்தா மொதல்ல என்னத்தான் புடிப்பாங்க."

"அப்ப நீங்களே போய்ச் சொல்லிருங்க. எனக்காவது தூக்கம் வரும்."

காலையில் வெறும் லொறியோடு பொலிசுக்குப் போனேன். அதே ஆள் மேசையில் இருந்தார். எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில், "மாத்தயா, அன்னைக்கி ஓடினது நான்தான்" என்று தொடங்கி பிரேக் வரைக்கும் ஒப்பித்தேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உன்னை யார் பிடிக்க வந்தது? உன் லொறியில் மேலே போக இடம் கேட்டுத்தான் கை காட்டினேன். ஏத்தம் முழுக்க நடந்தேன். போய்ப் பார்த்தால் உன் புகைதான் இருந்தது."

பக்கத்தில் கிடந்த பலகை வாங்கில் உட்கார்ந்துவிட்டேன்.

"இன்றைக்கும் மேலேதான் போகணும். ஏற்றிக்கொண்டு போ" என்றார்.

ஏத்தத்தின் பாதியில், "இங்கே நிறுத்து, பார்ப்போம்" என்றார். நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை மட்டும் போட்டேன். லொறி மெல்லப் பின்னால் நகர்ந்தது. அவர் தொப்பியோடு குதித்து, சேற்றில் கிடந்த கல்லைத் தூக்கிச் சில்லுக்கு முட்டுக் கொடுத்தார்.

"சரி, நீ போ. நிற்காதே, நான் நடந்து வருகிறேன். பிரேக்கைச் சரிசெய்துவிட்டு வந்து காட்டு."

சமதரையில் நிறுத்தி இறங்கி நின்றேன். அவர் மூச்சு வாங்க நடந்து வரும்வரை நகரவே இல்லை.