ஏழரை பிடித்த மேஸ்திரி

கோபாலபுரம் செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம், கேரளத்து மண்ணில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் சென்னியப்பன் எதையும் நேராகச் சொன்னதாக ஊரில் யாருக்கும் ஞாபகமில்லை. போன தேர்தலில் இரண்டு கட்சிக்காரர்கள் அவருடைய தோப்புச் சுவரைக் கேட்டு வந்தார்கள். இருவருக்கும் சரி என்று தலையாட்டினார். இரண்டு தரப்பும் போட்டி போட்டுக்கொண்டு சுவரைச் சுரண்டி வெள்ளையடித்து முடித்த அன்று, நடுவில் ‘இங்கே தேங்காய் கிடைக்கும்’ என்று எழுதி வைத்துவிட்டு உறவுக்காரர் கல்யாணத்துக்குப் போய்விட்டார். திரும்பி வந்தபோது இரண்டு கட்சியும் அவரை விட்டுவிட்டுத் தங்களுக்குள் சண்டை போட்டுக்கொண்டிருந்தன.

இந்த மனிதர் வளர்த்த நாயின் பெயர் மேஸ்திரி. தேங்காய் போடும் நாளில் அது நிழலில் உட்கார்ந்துகொண்டு, மரம் ஏறுகிறவனையும் காய் பொறுக்குகிறவளையும் மாறி மாறிப் பார்க்கும். தன் பங்குக்கு ஒரு மட்டையைக்கூட நகர்த்தாது. அதைப் பார்த்து ஆட்கள் வைத்த பெயர் அது. உடம்பில் ஒரு வெள்ளை முடி கிடையாது, அடுப்புக்கரி போலக் கறுப்பு. வயதாகி முகவாயில் மட்டும் நரை விழுந்திருந்தது.

மகன் கௌசிக் கோயமுத்தூரிலிருந்து ஆள் அனுப்பி வீடு முழுக்கப் பளபளவென்று டைல்ஸ் ஒட்டிக்கொடுத்த பிறகுதான் சங்கதி வெளியே வந்தது. ஒரு நாள் காலை மேஸ்திரி எழுந்திருக்கப் பார்த்தது. பின்னங்கால்கள் இரண்டும் ஆளுக்கொரு பக்கம் வழுக்கிக்கொண்டு போக, பொத்தென்று உட்கார்ந்தது. உட்கார்ந்த கையோடு, யாராவது பார்த்துவிட்டார்களா என்று தலையைத் திருப்பிப் பார்த்தது. கதவோரம் நின்றிருந்த சென்னியப்பன் பார்க்காதவர் போல உத்தரத்தை அண்ணாந்து பார்த்தார்.

மிருகாஸ்பத்திரி டாக்டர் ஜோமோன் தொடுபுழைப் பக்கத்துக்காரர். இங்கே வந்த பிறகு கற்றுக்கொண்ட தமிழை மலையாளம் கலந்து தாராளமாகச் செலவழிப்பார். நாயின் இடுப்பை அமுக்கி, காலை மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டு எடைமேடையில் ஏற்றினார்.

“மூட்டு தேய்ஞ்சு போச்சு சேட்டா. அது வயசு, ஒண்ணும் செய்ய முடியில்லா. பட்சே இந்த வெயிட்டு! இது நாயா, எருமைக்கன்னா? வெயிட் கொறைக்கணும் கேட்டோ. இல்லெங்கில் மழை தொடங்கும்போ பின்காலு எழும்பாது. பின்னே கிடந்த எடத்திலேயே கிடக்கும்.”

“எனக்கு முட்டிவலிக்குக் குடுத்த மாத்திரை ஊட்டுல இருக்குதுங்க டாக்டர். அதுல பாதி...”

“ஐயோ! கொன்னு போடும். மனுஷன்டெ மாத்திரை கொடுக்கவே கூடாது.”

டாக்டர் தன் மாத்திரையைக் கொடுத்துவிட்டு, செய்ய வேண்டியதையும் சொன்னார். வழுக்கும் தரையில் சாக்கு விரிக்க வேண்டும். படிக்குப் பதில் சரிவாகப் பலகை போட வேண்டும். படுக்க மெத்தென்று, ஈரம் ஏறாத இடம் வேண்டும். மெதுவாகக் கொஞ்ச தூரம் நடத்த வேண்டும், களைத்தால் நிறுத்திவிட வேண்டும். ஓட்டம் இல்லாத வாய்க்கால் தண்ணீரில் நடத்தினால் ரொம்ப நல்லது, உடம்புப் பாரம் காலில் இறங்காது. எல்லாவற்றுக்கும் மேலே, சோறு பாதியாக வேண்டும்.

வீட்டுக்காரி பழனாத்தாள் அன்றைக்கே பழைய கட்டில் பலகையைப் படியில் சாய்த்து, வழுக்காமலிருக்க அதன் மேல் சாக்கை ஆணியடித்தாள். கேழ்வரகுக் களியை எலுமிச்சங்காய் அளவுக்கு உருட்டி வைத்தாள். மேஸ்திரி அதை முகர்ந்து பார்த்துவிட்டு, மீதி எங்கே என்று அவள் முகத்தைப் பார்த்தது. அவள் அசையவில்லை. அடுத்த முறை எடைமேடையில் ஏற்றியபோது நாயின் எடை இன்னும் கூடியிருந்தது.

“களவாணித்தனம் நடக்குது” என்றார் சென்னியப்பன்.

“என்னையப் பாக்காதீங்க. ஊருக்குள்ள போய்ப் பாருங்க” என்றாள் பழனாத்தாள்.

ஒரு சனிக்கிழமை அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நாயின் பின்னாலேயே போனார். அது நொண்டி நொண்டி மளிகைக்கடை பிச்சைமணி வீட்டு வாசலில் நின்றது. பிச்சைமணி இலையோடு வெளியே வந்தார், இலையில் தயிர்ச்சோறு. அடுத்து அங்கன்வாடி டீச்சர் செல்வப்பிரியா வீடு, எள்ளுச்சோறு. அதற்கடுத்து கள்ளுஷாப்பு வாசல். அங்கே பொள்ளாச்சிக் கார் ஒன்றிலிருந்து முழுக் குடும்பமும் இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு நின்று, நெய்ச்சோறு வைத்துக் கும்பிட்டது.

எல்லாம் சனிப்பெயர்ச்சி செய்த வேலை. மெயின் ரோட்டு ஜோசியர் பூபதிராஜா, ஏழரைச் சனி பிடித்தவர்கள் சனிக்கிழமைதோறும் கறுப்பு நாய்க்குச் சோறு வைக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார். ஒரு வெள்ளை முடிகூட இருக்கக் கூடாது என்பது நிபந்தனை. ஊரில் மற்ற நாயெல்லாம் செவலை, புள்ளி, சாம்பல். மேஸ்திரியின் நரையைப் பற்றி யாரோ சந்தேகம் கேட்டபோது, வயதால் வந்த நரைக்கு தோஷமில்லை என்று ஜோசியரே தீர்ப்புச் சொல்லிவிட்டாராம். கும்ப ராசிக்காரர்களும் மீன ராசிக்காரர்களும் ஏற்கெனவே வரிசையில் இருந்தார்கள். இப்போது மேஷமும் சேர்ந்துவிட்டது.

“ஏனுங்க பிச்சைமணி, அவனுக்குக் கால் நோவுங்க. சோறு ஆகாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு” என்று கெஞ்சினார் சென்னியப்பன்.

“நாய்க்குக் கால் நோவுங்க. எனக்கு ஏழரைங்க. எது பெருசு, நீங்களே சொல்லுங்க” என்றார் பிச்சைமணி.

இதற்கு மேல் அழுத்திச் சொல்லவும் அவருக்கு வாய் வரவில்லை. ஒருவர் பரிகாரத்தை நடுவில் தடுத்தால் அவருடைய சனி தடுத்தவன் தலையில் ஏறும் என்பது அந்த ஊர் நம்பிக்கை. சென்னியப்பனும் மேஷ ராசிதான். தன் சனியே தோளில் உட்கார்ந்திருக்கும்போது ஊரார் சனியையும் சுமக்க அவருக்குத் தெம்பில்லை.

நாயைக் கட்டிப்போட்டுப் பார்த்தார். சோறு வேலி தாண்டி வந்து விழுந்தது. நாயும் பெருத்தது, தோப்புக் காக்காய்களும் பெருத்தன. பிறகுதான் அவர் மூளை வேலை செய்தது. கறுப்பு நாய்க்குத்தானே சோறு? ஒரு புதன்கிழமை விடிகாலையில் பழனாத்தாளின் மஞ்சள்தூள் டப்பாவைக் காலிசெய்து, தண்ணீரில் குழைத்து, மூக்கு நுனியிலிருந்து வால் நுனிவரை மேஸ்திரிக்குப் பூசிவிட்டார். அது அவரை ஒரு பார்வை பார்த்தது. அந்தப் பார்வையில் மரியாதை இல்லை.

மறுநாள் செல்வப்பிரியா கொண்டைக்கடலைச் சுண்டலோடு வாசலில் நின்றாள்.

“இன்னிக்கு வியாழக்கிழமைதானுங்களே அம்மிணி, சனியில்லையே” என்றார் சென்னியப்பன், ஜெயித்துவிட்ட தெம்பில்.

“மஞ்சள் குரு பகவானோட நெறமுங்க மாமா. தானா மஞ்சளாயிருச்சுன்னு ஊரெல்லாம் பேச்சு. என்ர தங்கச்சிக்குக் குருபலம் வந்தாத்தான் கல்யாணமாம்.”

அவளுக்குப் பின்னால் வயதுக்கு வந்த பெண்களைப் பெற்றவர்கள் அத்தனை பேரும் தூக்குப்போசியில் சுண்டலோடு வந்துகொண்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமை பழனாத்தாள் நாயைத் தேய்த்துக் குளிப்பாட்டினாள். மறுபடி கறுப்பானது. சனிக்கிழமை தயிர்ச்சோறு வந்தது. அடுத்த வியாழக்கிழமை, நிறம் போனாலும் குரு குருதானே என்று சுண்டலும் வந்தது.

“கெரகமுங்க நீங்க. சும்மா இருந்திருந்தா வாரத்துல ஒரு நாளோட போயிருக்கும்” என்றாள் பழனாத்தாள்.

அன்று சாயங்காலம் மேஸ்திரியால் பலகையில் ஏற முடியவில்லை. பாதியில் நின்று நடுங்கியது. சென்னியப்பன் அதைத் தூக்கப் பார்த்தார், கனம் தாங்கவில்லை. இரண்டு பேரும் பலகையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். தெற்கே ஆனைமலைப் பக்கம் மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. மழை வரும் என்று வருஷா வருஷம் சந்தோஷப்படுகிற மனிதருக்கு அந்த வருஷம் மேகத்தைப் பார்த்தால் பயமாக இருந்தது.

அடுத்த சனிக்கிழமை நாயை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு நேராக பூபதிராஜாவின் ஜோசிய நிலையத்துக்குப் போனார். அங்கே கூட்டம் வாசல்வரை நின்றது. பிச்சைமணியும் இருந்தார்.

“ஜோசியரே, இவனுக்கொரு ஜாதகம் பாக்கோணுமுங்க.”

கூட்டம் சிரித்தது. பூபதிராஜாவும் சிரித்தார். “நாய்க்கெல்லாம் எங்கீங்க ஜாதகம்?”

“நம்ம ஜாதகத்துக்குச் சோறு திங்க மட்டும் நாயி வேணும். அவன் ஜாதகம் பாக்க வந்தா ஆகாதுங்களா?”

சிரிப்பு ஜோசியர் பக்கம் திரும்பியது. அவர் வேறு வழியில்லாமல் பென்சிலை எடுத்தார். சென்னியப்பன் பணிவாகச் சொன்னார்: “கௌசிக்குக்குப் பொண்ணு பாக்க நீங்க நாள் குறிச்சுக் குடுத்தீங்களே, அன்னிக்கு எங்க மோட்டார் ரூம்ல பொறந்தவனுங்க. அசுவினின்னு உங்க கையாலதான் எழுதிக் குடுத்தீங்க.”

அது உண்மையிலேயே அன்றைக்குத்தான் பிறந்ததா என்பது அந்த மோட்டார் ரூமுக்கே வெளிச்சம்.

“அசுவினின்னா மேஷம்...” என்றார் ஜோசியர்.

“மேஷத்துக்கு இப்ப என்னங்க நடக்குது?”

“ஏழரை ஆரம்...” வாய் முந்திக்கொண்டது. மிச்சத்தை விழுங்கப் பார்த்தார், நேரம் கடந்துவிட்டது.

“கேட்டீங்களா?” என்று சென்னியப்பன் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். “இவனே ஏழரையில கெடக்கறானுங்க. ஏழரை புடிச்சவன் கையால சோறு, ஏழரை புடிச்சவன் வாயில. அப்பறம் சனி எந்தப் பக்கமுங்க போவாரு? நடுவால நின்னுக்குவாரல்ல?”

பிச்சைமணியின் முகம் வெளுத்தது. இத்தனை சனிக்கிழமையும் தான் வைத்த தயிர்ச்சோறு எந்தக் கணக்கில் சேர்ந்தது என்று அவர் கேட்பதற்குள், பூபதிராஜா கண்ணை மூடிக்கொண்டார். தொழில் தெரிந்தவர். கண்ணைத் திறந்தபோது வழி கிடைத்திருந்தது.

“சனீஸ்வரனுக்கே ஒரு கால் சரியில்லீங்க, தெரியுமல்ல? அதனாலதான் மந்தமாப் போறாரு. காலு நோவுற ஜீவனைப் பாத்தா அவருக்கு அவரையே பாத்தாப்பல. சோறு போட்டாப் பத்தாதுங்க. காலுக்குச் சேவை செய்யோணும்.”

இதற்காகவே காத்திருந்தவர் போல சென்னியப்பன் கை கட்டி நின்றார். “என்ன சேவைங்க? மெதுவா நடத்திக் கூட்டீட்டுப் போலாமுங்களா? வாய்க்கால் தண்ணியில?”

“உத்தமமுங்க.”

“கீழ விரிக்கச் சாக்குத் தானம்?”

“சாக்கும் நல்லது. கருப்புக் கம்பளின்னா இன்னும் விசேஷம்.”

“அப்பச் சோறு?”

ஜோசியர் கூட்டத்தைப் பார்த்தார், நாயின் வயிற்றைப் பார்த்தார், கடைசியாக சென்னியப்பனைப் பார்த்தார். “சோறு... காக்காய்க்கு வையுங்க” என்றார்.

அதன் பிறகு வாய்க்காலோரம் நடந்ததைப் பார்க்கக் கண் கோடி வேண்டும். நாளுக்கு ஒரு ராசிக்காரர்கள் என்று முறை வைத்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார்கள். நடுவில் மேஸ்திரி. அது நின்றால் எல்லோரும் நிற்க வேண்டும், டாக்டர் சொன்னபடி. அது நடந்தால் நடக்க வேண்டும். வாழ்நாளெல்லாம் நிழலில் உட்கார்ந்து ஆட்களை மேற்பார்த்த நாய்க்கு இப்போதுதான் சொன்னபடி கேட்கிற ஆட்கள் கிடைத்தார்கள். பிச்சைமணி மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் வருவார், அது திரும்பி நின்று அவருக்காகக் காத்திருக்கும். வீட்டில் டைல்ஸ் கண்ணுக்கே தெரியவில்லை. அத்தனை சாக்கு, அத்தனை கம்பளி. வியாழக்கிழமைச் சுண்டலை குரு கோயிலுக்கே கொண்டு போகும்படி பூபதிராஜா சொல்லிவிட்டார்.

மழை தொடங்கிய பிறகு ஒரு நாள் ஜோமோன் எடைமேடையைத் தட்டித் தட்டிப் பார்த்தார். “எந்து மருந்தா கொடுத்தே சேட்டா?”

“ஏழரைங்க டாக்டர்” என்றார் சென்னியப்பன்.

தேய்ந்த மூட்டு தேய்ந்ததுதான், அது திரும்ப வளராது என்று டாக்டர் மறுபடி சொன்னார். மழைக் குளிரில் காலையில் எழுந்திருக்க மேஸ்திரிக்கு நேரமாகத்தான் செய்தது. பழனாத்தாள் துணியைச் சூடுகாட்டி இடுப்பில் ஒற்றியெடுப்பாள். ஆனால் எழுந்தது. தானாகவே பலகையில் இறங்கி, தானாகவே ஏறியது.

வெயில் வந்த ஒரு சனிக்கிழமை, கணவனும் மனைவியும் வாசலில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தபோது செக்போஸ்ட் தாண்டி ஒரு பொள்ளாச்சிக் கார் வந்து தோப்பு கேட்டுக்கு வெளியே நின்றது. புதுப் பரிகாரம் எல்லை தாண்டிப் போய்ச் சேரவில்லை போலிருக்கிறது. இறங்கிய அம்மா இலையை விரித்துத் தயிர்ச்சோற்றைக் கொட்டினாள். கம்பளியில் படுத்திருந்த மேஸ்திரி தலையைத் தூக்கியது. மூக்கு அசைந்தது. எழுந்து பலகையில் இறங்கிய நாய், அப்புறம் நடக்கவில்லை. ஓடியது. பின்னங்கால் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போனாலும், தென்னைமர வரிசைக்கு நடுவே, காதைப் பின்னால் மடக்கிக்கொண்டு ஓடியே போனது.

“புடிங்க! ஏனுங்க, புடிங்க! தின்னு போடுவான்!” என்று கத்தினாள் பழனாத்தாள்.

சென்னியப்பன் எழுந்தவர் எழுந்தபடியே நின்றார். இந்த மனிதர் முதல்தடவையாக மனதில் இருந்ததை அப்படியே சொன்னார்.

“திங்கட்டும் உடு புள்ள. அவன் ஓடிப் போயில்ல திங்கறான்.”