பின்னால் போன ரேடியேட்டர்

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு, ஆகஸ்ட் மாத வெயில். ஷார்ஜாவில் பட்டறைகள் நிறைந்த சனாயியா பகுதியில் ஒரு காரேஜில் மெக்கானிக்காக இருந்தேன். என் விசா முடியப் போகிற சமயம். ஊரில், கோவில்பட்டியில், மனைவிக்கு எட்டாம் மாதம்.

அப்போதுதான் அந்த வண்டி வந்தது. பழைய அமெரிக்கக் கார். உடம்பைத் தாழ்த்தி, பானெட்டை எடுத்துவிட்டு, எஞ்சின் வெளியே தெரியும்படி மாற்றியிருந்தார்கள். ஹாட் ராட் என்பார்கள். எஞ்சினோ எங்கள் தாத்தா காலத்து எட்டு சிலிண்டர். வண்டிக்குச் சொந்தக்காரர் உள்ளூர் அரபிக்காரர், என் வயதுதான் இருக்கும். தீயணைப்புத் துறையில் வேலை. அந்த எஞ்சினைப் பழைய இரும்புக் கடையிலிருந்து தேடி எடுத்து, ஒவ்வொரு போல்ட்டாகத் துடைத்துச் சேர்த்தவர். ஆனால் நாலு தெரு ஓட்டினால் கொதித்துவிடும். போன இடமெல்லாம் புது எஞ்சின் போடச் சொல்லியிருக்கிறார்கள். அவருக்கு மனசு வரவில்லை.

பார்த்ததுமே எனக்குக் காரணம் புரிந்தது. குட்டை மூக்கில் நீள எஞ்சினைத் திணித்ததால் முன்னால் இருந்த ரேடியேட்டருக்குக் காற்றே போகவில்லை. அதைக் கழற்றி டிக்கியில் வைத்து, இரண்டு மின்விசிறி போட்டு, வண்டிக்கு அடியில் குழாய் ஓட்டினால் சரியாகும் என்றேன். எங்கள் ஃபோர்மேன் திருநெல்வேலிக்காரர், சிரித்துவிட்டார்.

"ஏல, பின்னால வச்சா தண்ணி எப்படில போயிட்டு வரும்?"

"பம்ப் தள்ளும் அண்ணாச்சி. நான் பாத்துக்கிடுதேன்."

"கொதிச்சுதுன்னா விசா கிசான்னு எங்கிட்ட வரக் கூடாது. நேரா ஊருக்குப் போயிரு."

வேடிக்கையாகச் சொன்னாரா, நிஜமாகவா என்று தெரியவில்லை. ஆனாலும் இறங்கிவிட்டேன். வேலை முடிந்ததும் ஒரு காலையில் நானும் அந்த அரபிக்காரரும் தைத் ஊருக்குப் போகும் பாலைவனச் சாலையில் ஓட்டிப் பார்க்கப் போனோம். கொஞ்ச தூரம் நன்றாகத்தான் ஓடியது. பிறகு எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் மெல்ல மெல்ல மேலே ஏறிச் சிவப்பைத் தொட்டது. ஓரங்கட்டினோம். சுற்றிலும் மணல்.

இறங்கிப் பின்னால் போய் ரேடியேட்டரைத் தொட்டேன். சுடவே இல்லை. எஞ்சின் கொதிக்கிறது, ரேடியேட்டர் வெதுவெதுப்பாக இருக்கிறது. இது எப்படி என்று குழம்பிக்கொண்டே முன்னால் வந்து எஞ்சின் மேல் குனிந்தேன்.

"சதீக்!" என்று, குழாய் புடைப்பதைப் பார்த்து அவர் அலறினார். நண்பா என்று அர்த்தம். நான் சட்டென்று திரும்பிய அதே நொடியில் ரப்பர் குழாய் பிய்த்துக்கொண்டது. முகத்துக்கு வர வேண்டிய கொதிநீர் வலது கையில் கொட்டியது.

அவர் என்னை இழுத்துப் போட்டு, குடிக்க வைத்திருந்த தண்ணீரைப் பாட்டில் பாட்டிலாகக் கையில் ஊற்றினார். எரிச்சல் தாங்காமல் நான் குளிர்பெட்டியிலிருந்த ஐஸை எடுக்கப் போனேன். கையைத் தட்டிவிட்டார். "ஐஸ் மாஃபி! தண்ணி மட்டும்!" மாஃபி என்றால் அங்கே இல்லை, கிடையாது என்று அர்த்தம். வெந்த தோலில் ஐஸ் வைத்தால் புண் இன்னும் மோசமாகும் என்று பிறகு டாக்டரும் சொன்னார்.

கட்டுப் போட்ட கையோடு ரூமில் கிடந்தேன். வலியைவிட பயம்தான் பெரிது. வலது கை போனால் மெக்கானிக்குக்கு என்ன இருக்கிறது? ஆனாலும் அந்தச் சுடாத ரேடியேட்டர் மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. ஒரு மத்தியானம் விளங்கிவிட்டது. ரேடியேட்டர் தாழ்வாக இருக்கிறது, எஞ்சின் உயரத்தில் இருக்கிறது. கீழே இருந்து தண்ணீர் ஊற்றினால் எஞ்சினின் உச்சியில் காற்று மாட்டிக்கொள்ளும். காற்று அடைத்தால் தண்ணீர் எங்கே ஓடும்? முன்னால், எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சின்ன டேங்க் வைத்து அங்கிருந்து நிரப்ப வேண்டும். அவ்வளவுதான்.

காரேஜுக்கு ஓடிச் சொன்னேன். ஃபோர்மேன் கையை விரித்தார். "யோசனை சரிதாம்ல. ஆனா செய்ய ஆள் மாஃபி. எல்லாவனும் வேற வேலையில கெடக்கான்."

வண்டியைப் பார்க்க வந்திருந்த அரபிக்காரர், என்ன விஷயம் என்று இந்தியில் கேட்டார். சொன்னேன். என் கையில் போட்டிருந்த கட்டைப் பார்த்தார். பிறகு, "நீ சொல்லு, நான் செய்றேன்" என்றார்.

மறுநாள் ஒரு பழைய பேன்ட் போட்டுக்கொண்டு வந்தார். டியூட்டி இல்லாத நாளெல்லாம் வந்தார். நான் ஸ்டூலில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, அவர் வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்து செய்தார். ஸ்பேனரைத் தப்பாகப் பிடித்தபோது என்னையறியாமல் தமிழிலேயே, "அட, அப்படி இல்லய்யா!" என்று கத்திவிட்டேன். காரேஜே திரும்பிப் பார்த்தது. அவர் கிரீஸ் அப்பிய முகத்தை வெளியே நீட்டி, "இல்லய்யா? அச்சா, இல்லய்யா!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

டேங்க் பொருத்தினோம். தண்ணீர் ஊற்றியபோது மடக் மடக்கென்று காற்று வெளியேறிய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. எஞ்சினை ஓடவிட்டு, பின்னால் போய் இடது கையால் ரேடியேட்டரைத் தொட்டேன். சுட்டது! சுட்டதற்காக வாழ்க்கையில் சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.

அதே சாலை, அதே வெயில். தைத் தாண்டி மசாஃபி மலை வரை ஏறினோம். முள் பாதியிலேயே நின்றது. மலையை நாங்கள் இருவருமே பார்க்கவில்லை, அந்த முள்ளையேதான் பார்த்துக்கொண்டு போனோம்.

கை குணமானது. தழும்பு மட்டும் இருக்கிறது. ஃபோர்மேன் தானாகவே என் பாஸ்போர்ட்டை வாங்கி விசா புதுப்பிக்க அனுப்பினார். மகள் பிறந்த செய்தி வந்தபோது அந்த அரபிக்காரர்தான் காரேஜ் முழுவதற்கும் ஹல்வா வாங்கி வந்தார்.

இப்போது ஊரில் சொந்தமாகப் பட்டறை வைத்திருக்கிறேன். யாராவது அடிபட்டு, வேலை பாதியில் நின்றுவிட்டதே என்று கலங்கி உட்கார்ந்தால், நான் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, "நீ சொல்லுப்பா, நான் செய்றேன்" என்பேன். ஒரு மனுஷனுக்கு மருந்தைவிட சில நேரம் அந்த வார்த்தைதான் தெம்பு தரும் என்பது எனக்குத் தெரியும்.