கடல்மண்ணில் பொரித்த பொரி

மாசி மகத்துப் பொரியில் சென்னாக்குன்னியைக் கலந்தவன் நான். யார் கலந்தது என்று கேட்டபோது சித்தியின் பக்கம் கையை நீட்டியவனும் நான்தான். எட்டு வயதுப் பையனுக்கு என்ன தெரியும் என்று யாரும் எனக்காகப் பரிந்து பேச வேண்டாம். கையை நீட்டினால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் நீட்டினேன்.

எங்கள் ஊர் கவரைப்பேட்டைக்குக் கிழக்கே இருக்கிறது. அப்போது நெல்லைத் தவிர வேறொன்றும் அறியாத ஊர். சம்பா அறுவடை முடிந்து, வெயில் இன்னும் முறுக்கேறாத மாசியில், மகத்தன்று ஊரே பழவேற்காட்டுக்குக் கிளம்பும். பெருமாளுக்குக் கடலில் தீர்த்தவாரி. எங்களுக்கு வருஷத்தில் ஒருநாள் ஊரை விட்டு வெளியே போய்வரும் சந்தோஷம். பெருமாள் முன்வண்டியில் போவார். பின்னால் வரும் எங்கள் வண்டியில், எங்கள் எல்லோரையும்விட மரியாதையாக உட்கார்ந்து வருவது ஒரு பெரிய தகர டின். அதில்தான் பொரி இருக்கும்.

அது வெறும் பொரி அல்ல. புழுங்கலரிசியில் உப்புத் தண்ணீர் தெளித்து உலர்த்தி, கொதிக்கக் காய்ந்த மணலில் போட்டுப் பொரித்துச் சலித்து எடுப்பார்கள். வேர்க்கடலை, பொட்டுக்கடலை, தேங்காய்ப் பல், கறிவேப்பிலை, மிளகாய் எல்லாவற்றையும் பெருங்காயத்தோடு வறுத்து, ஓமப்பொடியை நொறுக்கிப் போட்டுக் கலப்பார்கள். அந்த மணல்தான் விசேஷம். போன மகத்தன்று பழவேற்காட்டுக் கடற்கரையிலிருந்து கோணியில் அள்ளி வந்த மணல் அது. கடல்மண்ணில் பொரித்தால்தான் ருசி என்பது எங்கள் வீட்டு நம்பிக்கை. இன்னொரு வழக்கமும் உண்டு. கரையில் பெருமாள் முன்னால் வைத்து எடுக்கும்வரை யாரும் அதை வாயில் போடக்கூடாது. உப்பு, காரம்கூடப் பார்க்கக்கூடாது.

சித்தி பழவேற்காட்டுக்காரர். சித்தப்பா அங்கே பள்ளிக்கூட வாத்தியார் வேலைக்குப் போன இடத்தில், ஏரியில் மீன் பிடிக்கும் வீட்டுப் பெண்ணைத் தாலி கட்டிக் கூட்டி வந்துவிட்டார். பெரியப்பா அவர்களை வீட்டுக்குள் விட்டார். பெரியம்மா அடுப்படிக்குள் விடவில்லை. விட்ட நாட்களிலும் ஒரு சோதனை உண்டு. வாசற்படியில் நின்று சித்தி இரண்டு உள்ளங்கைகளையும் நீட்ட வேண்டும். பெரியம்மா மோந்து பார்த்துவிட்டுத்தான் வழிவிடுவார்.

மீன் சாப்பிடாத வீடு அல்ல எங்களுடையது. விரால் குழம்பென்றால் மீன் தலைக்கு அடித்துக்கொள்வோம். விரத நாட்களில் மட்டும்தான் விலக்கு. ஆனால் சித்தியின் கைக்கு எல்லா நாளும் விரதம்.

சித்தி அதற்கெல்லாம் கலங்குகிறவர் இல்லை. “நல்லா மோந்துக்கோங்கக்கா. நேத்து கனவுல வஞ்சிரம் அறுத்துக்கினு இருந்தேன்” என்பார். பெரியம்மாவுக்கு முகம் சிவக்கும். எனக்குச் சிரிப்பு வரும்.

சித்தியின் அண்ணன் எப்போதாவது வந்து ஒரு பொட்டலம் கொடுத்துவிட்டுப் போவார். சென்னாக்குன்னி. அரிசியைவிடக் கொஞ்சம் பெரிய காய்ந்த இறால். சித்தி அதை மிளகாய்த்தூளோடு மொறுமொறுவென்று வறுத்து, வேர்க்கடலை கலந்து, மாட்டுக்கொட்டகைப் பின்னால் வைத்து எனக்கு மட்டும் கொடுப்பார். உலகத்தில் அதற்குமேல் ஒரு ருசி இருக்கும் என்று நான் அப்போது நம்பவில்லை. இப்போதும் நம்பவில்லை.

அந்த வருஷம் மகத்துக்கு முன்னால் சித்தப்பா முதல்முறையாக அண்ணனை எதிர்த்துப் பேசினார். “இந்தத் தபா பொரி அவ கையாலதான். இல்லன்னா நாங்க வண்டி ஏறல.” பெரியப்பா தம்பியை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, “செய்யட்டும். ஒரு குத்தம் வந்துது, அதோட அடுப்படியாண்ட வரக்கூடாது, சொல்லிட்டேன்” என்றார். நான் அங்கேதான் இருந்தேன். எனக்குத் தெரியும் என்று சொன்னது இதைத்தான்.

சித்தி ஒருவராகவே எல்லாம் செய்தார். கல்யாணத்துக்குப் பிறகு தன் ஊருக்குப் போகும் முதல் மகம். தன் கையால் செய்ததைத் தன் ஜனங்கள் பார்க்கப் பெருமாள் முன்னால் வைக்கப் போகிறார். மணல் சூட்டில் முகம் வெந்து போயிருந்தது. ஆனாலும் பாட்டுப் பாடிக்கொண்டே சலித்தார்.

காலையில் வண்டி கட்டும் சந்தடியில், எனக்கென்று கொடுத்திருந்த குன்னி வறுவலைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து டின்னில் கொட்டிக் கிளறிவிட்டேன். பொரி இன்னும் ருசியாகும், எல்லோரும் சித்தியை மெச்சுவார்கள் என்று நினைத்தேன். அது பிரியத்தில் செய்தது. அதை நான் குற்றமாக எழுதவில்லை.

வழியில் வாசனை யாருக்கும் தெரியவில்லை. பெருங்காயம் மூடிக்கொண்டது. பழவேற்காட்டை நெருங்கியபின் ஊரே அந்த வாசனைதான். வண்டிகளை ஏரிக்கரையில் அவிழ்த்துவிட்டு, படகில் அக்கரை மணல்மேட்டுக்குப் போனோம். எங்கள் படகைக் கழி ஊன்றித் தள்ளியவர் சித்தியின் அண்ணன்தான். தங்கச்சி மடியில் டின் இருப்பதைப் பார்த்து அவர் முகத்தில் வந்த சிரிப்பு எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

பெருமாளை அலையில் முக்கி எடுத்து மணலில் வைத்தார்கள். டின்னைத் திறந்து முன்னால் வைத்து ஆரத்தி காட்டினார்கள். முதல் பிடி பெரியப்பாவுக்கு. வாயில் போட்டவர் மெல்லுவதை நிறுத்தினார். விரலை விட்டு எதையோ எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். சிவப்பாய், வளைந்து, கறுப்புப் புள்ளியாக இரண்டு கண்களோடு அது அவரைத் திரும்பிப் பார்த்தது.

“யாரு போட்டது?”

அவர் கண் கூட்டத்தைச் சுற்றிவந்து என் சட்டையில் நின்றது. “டேய், பையில இன்னாடா எண்ணெக்கறை?”

நான் கையை நீட்டினேன். “சித்திதான்.”

சித்தி என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. என்னை அப்போதுதான் முதல்முதலாகப் பார்ப்பவர்போல் பார்த்தார். பிறகு பெரியப்பாவிடம் திரும்பினார். “ஆமா, நான்தான் போட்டேன். இன்னா இப்போ?”

“சாமிக்குக் காட்டறதுல மீனையா போட்டே?” என்று பெரியம்மா கத்தினார்.

“உங்க சாமிய இப்போ எதுலக்கா முக்கி எடுத்தீங்க? அந்தத் தண்ணியில மீனு இல்லியா?”

வேடிக்கை பார்த்த மீனவக் குப்பத்து ஆட்கள் யாரோ சிரித்துவிட்டார்கள். பெரியப்பாவுக்கு அதுதான் பொறுக்கவில்லை. “கெளம்புங்க எல்லாம். மண்ண அள்ளிப் படகுல போடுங்க” என்றார். அவ்வளவு கோபத்திலும் அடுத்த வருஷத்து மணல் அவருக்கு மறக்கவில்லை. ஆட்கள் கோணியை நிரப்பித் தூக்கினார்கள். சித்தி நடந்து வந்து கோணியின் அடியைப் பிடித்துக் கவிழ்த்துவிட்டார்.

“அடுப்புல ஏத்த எங்க ஊட்டு மண்ணு வேணும், நான் வேணாமா? வையி கீழ.”

மணல் மணலோடு சேர்ந்தது. சித்தி டின் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, குப்பத்துப் பிள்ளைகளைக் கூப்பிட்டு ஏந்திய கைகளில் எல்லாம் பொரியை அள்ளிப் போட ஆரம்பித்தார். சித்தப்பா படகில் ஒரு காலை வைத்திருந்தவர், எடுத்துவிட்டார். போய் மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். சித்தியின் அண்ணன் எங்களைத் திரும்ப ஏரிக்கரையில் கொண்டு சேர்த்தார். இறங்கும்போது என்னை மட்டும் விலாவைப் பிடித்துத் தூக்கிக் கரையில் விட்டார். அந்த இடம் ரொம்ப நாள் எரிந்தது.

அவர்கள் திரும்பி வரவில்லை. மீஞ்சூரில் குடிபோனார்கள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் பொரி பொரிக்கவில்லை. பொன்னேரிக் கடையில் வாங்கினார்கள். சித்தியைப் பற்றிய பேச்சு, பெருமாளுக்கு மீன் வைத்துவிட்டு ஓடிப்போனவள் என்பதாகச் சுருங்கி, அப்படியே நிலைத்தது.

பெரியப்பா போன பிறகு உண்மையைச் சொல்லிவிடலாம் என்றிருந்தேன். போனார். அப்பா போகட்டும் என்றிருந்தேன். அவரும் போனார். பிறகு பயப்பட ஆளில்லை, சொல்லவும் ஆளில்லை. இதற்கிடையில் நான் படித்தேன், கல்லூரியில் பாடம் நடத்தினேன். ஒரு பிள்ளையைக் காப்பாற்றத் தன்மேல் பழியை ஏற்றுக்கொண்ட பெண் என்று, பெயர் சொல்லாமல், சித்தியை மாணவர்களுக்கு உதாரணமாகக்கூடச் சொல்லியிருக்கிறேன். கையை நீட்டிய பையனைப் பற்றி மட்டும் சொன்னதில்லை.

இந்த வருஷம் மகத்துக்குச் சில நாள் முன்பு மீஞ்சூர் போனேன். சித்தப்பா காலமாகி வெகுகாலம் ஆகிறது. சித்தி பேத்தி வீட்டில் இருக்கிறார். முதுகு வளைந்துவிட்டது, குரல் வளையவில்லை. நானே கலந்த பொரியை ஒரு டப்பாவில் கொண்டுபோய் முன்னால் வைத்தேன்.

“சித்தி, அன்னைக்குக் குன்னியப் போட்டது நான்.”

“தெரியுமே. நான் வறுத்தது எனக்குத் தெரியாதா?”

“எனக்காகத்தானே நீங்க ஒத்துக்கிட்டீங்க?”

சித்தி சிரித்துச் சிரித்து இருமினார். “ஒனக்காகவா? மூஞ்சியப் பாரு. தெனம் கைய மோந்து மோந்து எனக்கு பேஜாராப் பூட்ச்சி நைனா. ஒரு நாளு ஆமான்னு சொன்னாத்தான் இன்னான்னு இருந்துது. நீ வாகா எடுத்துக் குடுத்த. சொன்னேன்.”

அந்த ‘ஆமா’வில் நான் இல்லவே இல்லை. எட்டு வயதில் எனக்கு அது தெரியவில்லை. தலை நரைத்து, ஊருக்கெல்லாம் பாடம் சொன்ன பிறகும் தெரியவில்லை. அது முழுக்க அவருடையதாக இருந்தது. நான் அதையும் எனக்கென்று எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன்.

“அப்போ என்மேல கோவம் இல்லியா?”

“இல்லன்னு யாரு சொன்னா? குன்னிக்கு இல்ல. கைய நீட்டுன பாரு, அதுக்கு இருக்குது. என் கையால வாங்கித் துன்ன கைடா அது. கோவம் அப்டியேதான் இருக்குது. இருந்துட்டுப் போவட்டும், அதுக்கு இன்னா?”

“நான் என்ன செய்யணும் சித்தி?”

“என்னாண்ட வந்து இன்னாத்துக்குச் சொல்ற? அன்னிக்கு நானா கேட்டேன்? கேட்டவங்களாண்ட சொல்லு.”

“அவங்க யாரும் இல்லியே.”

“அவங்க பெத்தது இருக்குதில்ல?” டப்பாவைத் திறந்து பார்த்து மூடினார். “குன்னி இல்லாம எடுத்துக்கினு வந்துகீறான் பாரு, வாத்தியாரு.”

மகத்தன்று வேனில் வந்து அழைத்துப் போகட்டுமா என்று கேட்டேன். “எங்க ஊருக்குப் போவ உங்க வண்டி எதுக்கு?” என்றார்.

வேன் பெரியப்பாவின் கொள்ளுப்பேரனுடையது. மற்ற நாட்களில் தேர்வாய் கண்டிகைத் தொழிற்பேட்டைக்கு ஷிப்டு ஆட்களை ஏற்றிப் போகும். இப்போது ஏரிமேல் பாலம் இருக்கிறது, படகு வேண்டியதில்லை. கரையில் பெருமாளை முக்கி எடுத்து வைத்ததும், குன்னி கலந்த என் பொரி டப்பாவை அவர் முன்னால் வைத்துத் திறந்தேன். இந்த முறை வாசனையை மறைக்கப் பெருங்காயம் போடவில்லை.

“தாத்தா, இன்னா இது?” என்றான் கொள்ளுப்பேரன். அவன் மனைவி டப்பாவை நகர்த்தக் கை நீட்டினாள்.

“தொடாதே” என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. எல்லோரையும் உட்காரச் சொல்லவில்லை, நின்றபடியே சொன்னேன். டின்னில் குன்னியைக் கொட்டியது, எண்ணெய்க்கறை, நீட்டிய கை, வாசற்படியில் மோந்து பார்த்த கைகள், எல்லாம்.

“செல்லுல வீடியோ ஓடுது தாத்தா. ஊட்டுக்குப் போயி பேசிக்கலாம்” என்றான் அவன்.

“ஓடட்டும். இதே மணல்ல கையை நீட்டினேன். இங்கதான் சொல்லணும்.”

சிலர் விலகி வேனுக்குப் போனார்கள். சிலர் வாங்கித் தின்றார்கள். பெருமாள் எப்போதும்போல் பேசாமல் இருந்தார்.

சித்தி வந்திருந்தார். ஷேர் ஆட்டோவில் வந்து, அண்ணன் பிள்ளைகளோடு கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருந்தார். அவர் பக்கம் போக எனக்குக் கால் வரவில்லை. பேத்தியின் மகள் எங்கள் பக்கம் விளையாட வந்தாள். ஒரு கிண்ணத்தில் பொரி போட்டு அவளிடம் கொடுத்தனுப்பினேன். தூரத்தில் சித்தி ஒரு வாய் போட்டு மென்றுகொண்டு கடலைப் பார்ப்பது தெரிந்தது. கிண்ணம் காலியாகத் திரும்பி வந்தது.

“உப்பு பத்தலையாம். கடைப் பொரியான்னு கேட்டுச்சு ஆயா.”

நான் குனிந்து, தோள் துண்டை விரித்து, மணலை அள்ளினேன். இரண்டு கை போட்ட பிறகுதான் உறைத்தது. நிறுத்திவிட்டு அந்தப் பெண்ணிடம் சொன்னேன்: “மண்ணு எடுத்துக்கட்டுமான்னு ஆயாவைக் கேட்டுட்டு வா, கண்ணு.”

ஓடினாள். சித்தி அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு, என்னைத் திரும்பிப் பார்த்தார். அன்று பார்த்த அதே பார்வை. பெண் மூச்சிரைக்கத் திரும்பி வந்தாள்.

“அடுத்த வருஷம் வந்து கேக்கச் சொல்லிச்சு.”

மணலைக் கீழே கொட்டி, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வேனில் ஏறினேன்.