கறார் அக்காவின் இரண்டு காதுகள்

கணவர் மட்டும் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அந்தச் சனிக்கிழமை நிகழ்ச்சி நல்லபடியாகவே முடிந்திருக்கும். அவர் கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிற மனிதர். மனைவி இருபது வருஷமாக ஒரு மேடைக் குழுவில் கோரஸ் பாடுகிறாள். அவர் அரங்கத்துக்கு வந்து கேட்டது மொத்தமே ஐந்தாறு தடவைதான் இருக்கும். அன்று வந்தார், கடைசி வரிசையில் உட்கார்ந்தார், திரும்பி வரும் பஸ்ஸில் மெதுவாகக் கேட்டார்.

"ஏம்மா, இன்னைக்கு உனக்குத் தொண்டை கட்டிக்கிச்சா?"

"இல்லையே. ஏன்?"

"தங்கச்சி குரல் நல்லா கேட்டுச்சு. உன் குரல்தான் ஒரு பாட்டுலகூட கேக்கல."

"தூங்கியிருப்பீங்க."

"தூங்கினவனுக்குத் தங்கச்சி குரல் மட்டும் எப்படிக் கேக்கும்?"

அவளுக்குச் சுருக்கென்றது. தங்கச்சி என்று அவர் சொன்னது தன் உடன்பிறந்தவளை, அதாவது இவளுடைய நாத்தனாரை. அவளும் அதே குழுவில் கோரஸ்தான். மாஸ்டர் நடுவில் கீபோர்டு வாசிப்பார். வலது மைக்கில் இவள், இடது மைக்கில் நாத்தனார். இடது பக்கம் கேட்டு வலது பக்கம் கேட்காமல் போகுமா? அதுவும் தன் குரலை இரண்டு காதிலும் தெளிவாகக் கேட்டுக்கொண்டேதானே பாடினாள்!

குழுவில் இவளுக்குப் பெயர் கறார். வயதில் சின்னவர்களுக்குக் கறார் அக்கா. அந்தப் பெயரை வாங்கிக் கொடுத்தது ஓர் இன்-இயர். அதுதான், மேடையில் பாடுகிறவர்கள் காதுக்குள் செருகிக்கொள்வார்களே, தன் குரலையும் வாத்தியங்களையும் கேட்பதற்கு, அந்தக் குட்டிச் சாமான். மற்றவர்கள் அதை ஒரு வருஷத்தில் சாகடித்துவிட்டு அடுத்தது கேட்பார்கள். கறாருடையதற்கு வயது ஏழு. இன்னமும் கிண்ணென்று இருக்கிறது.

மந்திரமா மாயமா, ஒன்றும் கிடையாது. பாடி முடித்ததும் கணவர் கடையிலிருந்து கொண்டுவந்த லென்ஸ் துணியால் வியர்வையைத் துடைப்பாள். காதுக்குள் போகிற ரப்பர் முனையைக் கழற்றித் தனியே காயவைப்பாள். குழல் வாயிலிருக்கும் சல்லடையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு மெல்லிய பிரஷால் தட்டுவாள். நேராகப் பிடித்தால் அழுக்கு உள்ளே விழும். ஒயரைப் பிடித்து இழுக்க மாட்டாள், ஒலியை வாங்கித் தருவதற்காக இடுப்பில் மாட்டுகிற பெட்டியைச் சுற்றிக் கட்டிவைக்கவும் மாட்டாள். பிறகு ஒரு டப்பாவுக்குள், புதுச் செருப்போடு வருமே ஈரம் உறிஞ்சும் பொட்டலம், அதோடு சேர்த்து மூடி வைப்பாள். யாராவது குழலில் வாயை வைத்து ஊதிச் சுத்தம் பண்ணுவதைப் பார்த்துவிட்டால் போச்சு. "அதுக்குப் பேசாம அதுல எச்சியைத் துப்பிடு!" என்று மூன்று அறை கேட்கக் கத்துவாள்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு சட்டம் வைத்திருந்தாள். போட்டால் இரண்டு காதிலும் போடணும். காது அளவுக்குச் சரியான ரப்பர் போட்டு, வெளிச்சத்தம் நுழையாமல் மூடணும். மூடினால் குறைந்த ஒலியிலேயே அடித்தாளம்வரை துல்லியமாகக் கேட்கும். ஒன்றைப் போட்டு ஒன்றைத் தொங்கவிட்டால், போட்ட காதில் சத்தத்தை ஏற்றிக்கொண்டே போவோம். காதும் கெடும், கருவியும் கெடும்.

பஸ்ஸில் உட்கார்ந்திருந்தவளுக்கு இப்போது அந்தச் சட்டமே தன் காலை வாரிவிட்டது புரிந்தது. இன்-இயரில் வருவது சவுண்டுக்காரர் அனுப்புகிற ஒலி. அரங்கத்துக்குப் போவது வேறு வழி. காதை அவ்வளவு நன்றாக மூடிக்கொண்டு நின்றவளுக்கு, வெளியே தன் குரல் போகிறதா இல்லையா என்று எப்படித் தெரியும்? கைப்பையிலிருந்து இன்-இயர் டப்பாவை எடுத்து, வீடு வந்து சேரும்வரை அதை முறைத்துக்கொண்டே வந்தாள். கணவர் பயந்துபோய் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுநாள் காலை பத்து மணிக்கு ஒத்திகை அறைக்குப் போனாள். அச்சகத்துக்கு மேலே மூன்றாவது மாடி, சுவர் முழுக்கப் பழைய மெத்தைப் பஞ்சு ஒட்டிய அறை. சவுண்டுக்காரர் தரையில் உட்கார்ந்து ஒயர் சுற்றிக்கொண்டிருந்தார். ஆள் பார்க்க மலை மாதிரி இருப்பார், அதட்டிப் பேசினால் கண் கலங்கிவிடும்.

"அண்ணே, என் மைக்கை மூடி வச்சிருக்கீங்களா?"

அவர் ஒயரையே பார்த்தார்.

"உங்களைத்தான் கேக்குறேன்."

"மாஸ்டர் சொன்னாரும்மா. நான் என்ன பண்ணட்டும்?"

"எத்தனை நிகழ்ச்சியா?"

"மூணு."

மூன்று நிகழ்ச்சி! புடவை மடிப்புக் கலையாமல், தொண்டைக்கு வெந்நீர் குடித்து, நாற்பது பாட்டுக்கும் உயிரைக் கொடுத்துப் பாடியது அத்தனையும் தன் காதுக்கு மட்டுமா? அவமானத்தில் முகம் எரிந்தது. அழுகை வந்தது. அழுதால் தொண்டை போய்விடும் என்று அதையும் அடக்கினாள்.

மாஸ்டர் வந்ததும் நேரே போய் எதிரில் நின்றாள். அவர் பூசி மெழுகவில்லை.

"உனக்குச் சுதி இறங்குது கறார். நாலு மாசமா கவனிக்கிறேன். முகத்துக்கு நேரா சொன்னா உன் மனசு உடைஞ்சுடும்னு நினைச்சேன்."

"மைக்கை மூடினா உடையாதா?"

"வயசு எல்லாருக்கும்தான் ஆகுது. வெள்ளிக்கிழமை பெரிய அரங்கம். நீ பாட்டுக்கு நில்லு, வாயை அசை. யாருக்கும் தெரியப்போறதில்ல."

"துணிக்கடை பொம்மைகூட நிக்கும் மாஸ்டர், அதைக் கொண்டுவந்து நிறுத்துங்க. எந்தப் பாட்டுல இறங்குறேன்? எந்த வரில?"

"எல்லாத்துலயும்தான். வலது பக்கத்துலேருந்து வர்றது பூரா ஒரு நூல் கீழ நிக்குது."

நாத்தனார் போன வாரத்து ஒத்திகையை ஃபோனில் பதிவு செய்திருந்தாள். அதைப் போட்டுக் காட்டினார்கள். சுருதி ஊசி குத்தின மாதிரி நின்றது. "ஃபோன்ல எல்லாம் நல்லாத்தான் கேக்கும்" என்று மாஸ்டர் கையை உதறிவிட்டுப் போய்விட்டார்.

அன்று வீட்டில் அடுப்படியே அதிர்ந்தது. கறார் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. பாத்திரம் ஒவ்வொன்றும் இரண்டு தடவை கழுவப்பட்டது. நாத்தனார் பக்கத்தில் நின்று துடைத்து அடுக்கினாள்.

"அண்ணி, நீங்க இறங்கவே இல்ல. இறங்கியிருந்தா என் குரலோட உரசுமே, எனக்குத் தெரியாதா?"

"உனக்குத் தெரியுது. அந்தப் பெரிய மனுஷனுக்குத் தெரியலையே!"

"வேற குழுவுக்குப் போயிடலாமா? நானும் வந்துடுறேன்."

"எதுக்குப் போகணும்? இருபது வருஷமா நின்ன இடம். போனா, சுதி போய்த்தான் போனாள்னு ஆயிடும். வெள்ளிக்கிழமை அதே மைக்குல பாடாம நான் நகர மாட்டேன்."

வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிட்டாள். எப்படிப் பாடப்போகிறாள் என்பது மட்டும் அவளுக்கே தெரியாது.

புதன்கிழமை ஒத்திகைக்கு முன்னால், எப்போதும்போலக் குழுவின் இன்-இயர்களை எல்லாம் மேஜையில் பரப்பிச் சுத்தம் செய்தாள். கோபத்தில் அதை விட்டுவிடவில்லை. கருவி என்ன பாவம் செய்தது? மாஸ்டருடையது கடைசியாகக் கைக்கு வந்தது. வாங்கி மூன்று மாதம்தான். வலது முனை தேய்ந்து பழுப்பேறியிருந்தது. இடது முனை புத்தம் புதுசு, ஆனால் குழலைச் சுற்றி வியர்வை உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. சட்டைப் பொத்தானில் மோதி மோதி ஓரம் சில்லு பெயர்ந்திருந்தது. மனிதர் வருஷத்துக்கு மூன்று ஜோடி மாற்றுவார், ஒவ்வொரு தடவையும் போடாத இடதுதான் முதலில் சாகும். அதைச் சொல்லிக் குழுவே சிரிக்கும். "ரெண்டையும் அடைச்சா கூட்டத்தோட மூச்சு எனக்குக் கேக்காது" என்பார் மாஸ்டர், பெருமையாக.

என்ன தோன்றியதோ, வலது குழலில் தன் ரப்பர் முனையை மாட்டிக் காதில் வைத்தாள். இடுப்புப் பெட்டியில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகைப் பார்க்கவில்லை. சவுண்டுக்காரர் அந்த நேரம் பார்த்துச் சோதனைக்கு ஒரு தாளத்தை ஓடவிட்டார். அம்மாடி! மண்டைக்குள் சுத்தியலால் அடித்ததுபோல இருந்தது. பிடுங்கி எடுத்துத் திருகைப் பார்த்தாள். பத்தில் பத்து.

"அண்ணே, என் மைக் மாஸ்டருக்கு எந்தக் காதுல போகுது?"

"நீ நிக்கிற பக்கந்தான், வலது. உன் நாத்தனாரோடது இடது."

"இடதுதான் தொங்குதே. அப்ப அவளை எதுல கேக்குறாரு?"

"எதுவும் போடாத வெறும் காதுலதான்."

கறார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இத்தனை வருஷம் இந்தச் சத்தத்தை ஒரே காதில் வாங்கிய மனிதர், தன்னை அந்தக் காதால் மட்டும் கேட்டிருக்கிறார். இறங்குவது தன் குரல்தானா? நாத்தனாரைக் கூப்பிட்டுக் காதில் இரண்டு வார்த்தை சொன்னாள். நாத்தனாருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. தொடையில் ஒரு கிள்ளு வாங்கிக்கொண்டு அடங்கினாள்.

ஒத்திகையில் மூன்றாவது பாட்டு, வாயை மூடிக்கொண்டு இரண்டு பேரும் மாறி மாறி "ம்ம்" என்று இசைக்கிற ஓர் இடத்தோடு தொடங்கும். அந்த இடம் வந்தால் மாஸ்டர் கண்ணை மூடிக்கொள்வார். மூடினார். இருவரும் செருப்பைக் கழற்றிவிட்டு அவர் முதுகுக்குப் பின்னால் நடந்து இடம் மாறினார்கள். வலது மைக்கில் நாத்தனார் இசைத்தாள். இடது மைக்கில் கறார் இசைத்தாள். மறுபடியும் வலது.

மாஸ்டர் முகத்தைச் சுளித்தார். "இதோ! இதைத்தான் சொல்றேன். கறார், இறங்குது பாரு! உன் நாத்தனாரைக் கேளு, எப்படி நிக்குது!"

"அந்த நிக்கிற குரல் என்னோடது மாஸ்டர்" என்று இடது பக்கத்திலிருந்து பதில் வந்தது.

அவர் கண்ணைத் திறந்தார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். பிறகு நாத்தனாரிடம், "அப்ப நீதான் இறங்குறியா?" என்றார்.

"சரி மாஸ்டர், என் மைக்கையும் மூடிடுங்க. எல்லாரும் சேர்ந்து வாயை அசைச்சுட்டுப் போவோம்" என்றாள் அவள். யாரோ பின்னால் களுக்கென்று சிரித்து அடக்கினார்கள்.

கறார் சிரிக்கவில்லை. மாஸ்டர் நெஞ்சில் தொங்கிய இடது இன்-இயரைக் கையில் எடுத்தாள். "ரெண்டையும் போடுங்க."

"எனக்கு அது பழக்கமில்ல."

"மூணு நிகழ்ச்சி ஊமையா நின்னது எனக்கும்தான் பழக்கமில்ல. போடுங்க மாஸ்டர்."

அவர் போட்டார். முனை சரியாக உட்காரவில்லை. சின்ன அளவு ரப்பரை மாற்றி, காதை மேலே இழுத்துத் திருகி உட்கார்த்தினாள். திருகைப் பத்திலிருந்து நாலுக்கு இறக்கினாள். "இது கேக்கவே கேக்காது" என்றார். "ஒழுங்கா மூடினா கேக்கும்" என்றாள். கேட்டது. சவுண்டுக்காரரிடம் தன் குரலை இரண்டு காதுக்கும் சமமாக அனுப்பச் சொல்லிவிட்டு, வலது மைக்குக்குப் போய், தன் பழைய இடத்தில் நின்று, ஒரே ஒரு சுரத்தை எடுத்து நிறுத்தினாள்.

மாஸ்டர் கையைத் தூக்கினார். "கூட யாரு பாடுறது? அவளைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லு."

நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டு சுவரோரம் நின்றிருந்தாள். மாஸ்டர் அவளைப் பார்த்தார்.

"நான் ஒருத்திதான் பாடுறேன் மாஸ்டர்" என்று சொல்லிவிட்டுக் கறார் அதே சுரத்தை மறுபடியும் பிடித்து நிறுத்தினாள்.

அவர் இடதைக் கழற்றினார், மாட்டினார். வலதைக் கழற்றினார், மாட்டினார். இரண்டையும் மேஜைமேல் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். அந்த முகத்தைப் பார்க்கக் கறாருக்குப் பாவமாகத்தான் இருந்தது. இசையைத் தவிர வேறெதுவும் தெரியாத மனிதர். ஆனால் பாவத்துக்காகத் தன் மைக்கை விட்டுக்கொடுக்கும் எண்ணம் மட்டும் அவளுக்குத் துளியும் வரவில்லை.

"வெளிய சொல்லாத" என்றார் மெல்ல.

"நான் மறைச்சு எதுவும் செய்ய மாட்டேன். ஊர் பூரா தமுக்கடிக்கவும் மாட்டேன். நாளைக்குக் காது டாக்டரைப் பாருங்க, துணைக்கு நான் வர்றேன். வெள்ளிக்கிழமை என் மைக் திறந்திருக்கும். திறந்திருக்கணும்."

சவுண்டுக்காரர் யாரும் கேட்காமலே எழுந்துபோய் அவள் மைக்கைத் திறந்துவிட்டார்.

டாக்டர் சோதித்துப் பார்த்துச் சொன்னது இதுதான்: வலது காது ரொம்ப நாளாகப் பழுதாகி வந்திருக்கிறது, ஒரே சுரம் அதில் வேறு உயரத்தில் கேட்கிறது. போனது திரும்பாது, மிச்சத்தைக் காப்பாற்றலாம். மாஸ்டர் தலையை ஆட்டிக்கொண்டார். வரும் வழியில், "மூணு நிகழ்ச்சி..." என்று ஆரம்பித்து முடிக்காமல் விட்டார். கறாரும் அவருக்காக அதை முடித்துக் கொடுக்கவில்லை. மன்னிப்பு கேட்பதென்றால் முழுசாகக் கேட்கட்டுமே!

வெள்ளிக்கிழமை மாலை அரங்கம் நிரம்பியிருந்தது. கணவர் மறுபடியும் கடைசி வரிசையில். மாஸ்டருக்குக் குரல்கள் இடது காதில் மட்டும் வரும்படி சவுண்டுக்காரர் மாற்றியிருந்தார், வலது வெறும் அடைப்புக்கு. மேடை ஏறும்முன் மாஸ்டர் இரண்டு காதிலும் மாட்டிக்கொண்டு, சரியா என்று கேட்பதுபோலக் கறாரைப் பார்த்தார். அவள் எட்டி, வலது முனையை ஒரு திருகு திருகிச் சரியாக உட்காரவைத்தாள்.

மூன்றாவது பாட்டில் தன் வரி வந்தபோது, ஏழு வருஷமாகக் காத்த சட்டத்தை அவளே மீறினாள். ஒரு பக்க இன்-இயரைக் கழற்றினாள். தொங்கவிடவில்லை, உள்ளங்கையில் பிடித்துக்கொண்டாள். பாடினாள். அரங்கத்தின் கடைசிச் சுவரில் மோதி, அத்தனை தலைகளையும் தாண்டி, அவள் குரல் அவளிடமே திரும்பி வந்தது. ஒரு வரி முழுக்கக் கேட்டாள். பிறகு முந்தானையில் அதைத் துடைத்து, மறுபடியும் காதில் போட்டுக்கொண்டு அடுத்த வரியைப் பாடினாள்.