வெற்றியா தோல்வியா என்று கேட்டவள்

அவளைக் கேள்விக்காரி என்றால்தான் அந்தப் பகுதியில் தெரியும். பதினோரு வருடமாக ஒரு கருத்துக்கணிப்பு நிறுவனத்துக்காக வீடு வீடாக ஏறி இறங்குகிறவள். என்ன சோப்பு போடுகிறீர்கள், எந்த சேனல் பார்க்கிறீர்கள், கொசுவுக்குச் சுருள் வைக்கிறீர்களா, மருந்தடிக்கிறீர்களா என்று எதைக் கேட்கச் சொன்னாலும் முகம் கோணாமல் கேட்பாள். எந்த வீட்டில் நாய் கடிக்கும், எந்த வீட்டில் நாய் சும்மா இருக்க மனுஷர் கடிப்பார் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். இரண்டு பாதத்திலும் கால் ஆணி. அட்டையில் தாளைச் செருகிக்கொண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து நடப்பாள்.

நாட்டின் தலைவர் பதவிக்கு வந்து பத்து வருடம் நிறைந்தபோது புதுக் கேள்வித்தாள் வந்தது. மற்றதெல்லாம் உப்புக்குச் சப்பாணி. ஏழாவது கேள்விதான் முக்கியம்: ‘தலைவரின் பத்தாண்டு ஆட்சி வெற்றியா, தோல்வியா?’ பக்கத்தில் மூன்று கட்டங்கள். வெற்றி, தோல்வி, கருத்து இல்லை. அதன் கீழே காரணம் எழுத நான்கு கோடு. கேள்விகளைத் தொடங்கும் முன் இரண்டு வரி வாசித்துக் காட்ட வேண்டும்: “உங்கள் பதில்கள் ரகசியமாக வைக்கப்படும். உங்கள் பெயர் யாருக்கும் தெரிவிக்கப்படாது.” பதினோரு வருடத்தில் அந்த இரண்டு வரியை எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பாள் என்று அவளுக்கே தெரியாது.

சோப்பைப் பற்றிக் கேட்டால் கதவைச் சாத்துகிறவர்கள் இந்தக் கேள்விக்கு வாசலுக்கு வந்துவிட்டார்கள். சலூன்காரர் கத்தியைத் துடைத்தபடியே சொன்னார்: “அவரு ஜெயிச்சிட்டாரும்மா. தோத்தது நாமதான். அதுக்குக் கட்டம் இருக்கா?” இருக்கவில்லை. மாடி வீட்டு அம்மா, “அவரு தங்கமான மனுஷன், கூட இருக்கிறவங்கதான் சரியில்ல” என்றாள். இது வெற்றியா தோல்வியா என்று கேள்விக்காரி திருப்பிக் கேட்டதற்கு, “ரெண்டுலயும் பாதிப் பாதி போடுங்க” என்றாள். ஒரு பெண் வாயைத் திறக்கும் முன்னால் உள்ளே உட்கார்ந்திருந்த கணவனின் முகத்தைப் பார்த்தாள். அவன் தலையசைத்தான். வெற்றி என்றாள்.

வீட்டிலும் இதே பேச்சுதான். கேள்விக்காரியின் கணவர் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தலைவரை ஒரு சொல் சொன்னாலும் பொறுக்கமாட்டார்.

“பத்து வருஷத்துல எவ்ளோ ரோடு போட்டிருக்காரு, கண்ணு தெரியலையா உனக்கு?”

“ரோடு போட்டாருங்க. அதுல ஓடின பஸ்ஸத்தான் காணோம்” என்பாள் அவள். அவர் வேலை பார்த்த பஸ் தடங்கள் நாலையும் நிறுத்தித்தான் அவரை முன்கூட்டியே வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். அவர் டிவியின் சத்தத்தைக் கூட்டிவிடுவார்.

இரண்டாம் வாரத்தில் அரசுப் பள்ளி ஒன்றின் ஆய்வக உதவியாளர் வீட்டுக்குப் போனாள். ஒற்றை அறை, ஜன்னலோரம் ஒரு கட்டில், அதில் அவர் மனைவி. கேள்விக்காரியை வாசலில் நிற்க வைக்காமல், காலைப் பார்த்துவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டவர் அந்த வாரம் முழுக்க அவர் ஒருவர்தான். தண்ணீர் கொடுத்தார். அவள் ரகசிய வரிகளை வாசித்தாள். அவர் பொறுமையாகக் கேட்டார்.

“தோல்விம்மா. காரணமும் எழுதுவீங்களா?”

“நீங்க சொல்ற வார்த்தைய அப்படியே எழுதுவேன் சார்.”

“அப்ப எழுதுங்க. இவளுக்கு ரெண்டு சிறுநீரகமும் போச்சு. வாரம் மூணு நாள் டயாலிசிஸ். பெரிய ஆஸ்பத்திரில ஆறு மெஷின், ஓடுறது ரெண்டு. மெஷின் ரிப்பேர்னு போர்டு மாட்டத்தான் இந்த அரசாங்கத்துக்குத் தெரியும். அந்த போர்டு மட்டும் பளபளன்னு புதுசா இருக்கு.”

கட்டிலில் இருந்த மனைவி சிரித்தாள். “போதும் விடுங்க, அந்த அக்காவுக்குக் கை வலிக்கப் போகுது.”

கேள்விக்காரிக்குக் கை வலிக்கவில்லை. மணிமணியான கையெழுத்தில் நான்கு கோட்டையும் நிரப்பினாள். தொலைபேசி எண்ணையும் குறித்துக்கொண்டாள். சரிபார்க்க அலுவலகத்திலிருந்து கூப்பிடுவார்கள் என்பது வழக்கம். இப்படி ஒரு முழுப் பதில் கிடைத்த நாளில் அவளுக்குத் தன் வேலைமேல் ஒரு மரியாதை வரும். அன்றைக்கும் வந்தது.

இரண்டு மாதம் கழித்து இரண்டாம் சுற்று. அதே வீடுகளுக்குப் போய், மனசு மாறியிருக்கிறதா என்று கேட்க வேண்டும். ஆய்வக உதவியாளர் வீட்டுக் கதவைத் தட்டினாள். வெகுநேரம் கழித்துச் சுவரைப் பிடித்தபடி மனைவிதான் வந்து திறந்தாள். முகம் வீங்கியிருந்தது.

“சார் இல்லையாம்மா?”

“டிரான்ஸ்ஃபர் போட்டுட்டாங்க அக்கா. ஏழு மணி நேரப் பயணம். மாசத்துல ஒரு நாள் வர்றாரு.” மூச்சு வாங்க நின்றாள். “நீங்க வந்துட்டுப் போன பத்தாம் நாளு கட்சிக்காரர் ஒருத்தர் வந்தாரு. ‘போர்டு மட்டும் பளபளன்னு இருக்காமே சார்’னு சிரிச்சுக்கிட்டே கேட்டாரு. மறுவாரம் ஆர்டர் வந்துடுச்சு.”

கேள்விக்காரி கையிலிருந்த அட்டையைப் பார்த்தாள். அந்த வார்த்தைகள் இருந்த இடம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். அவளுடைய நான்கு கோடு.

அங்கிருந்து நேராக அலுவலகத்துக்குப் போனாள். மேற்பார்வையாளர் அவளைவிட இருபது வயது சின்னவன். சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்துவிட்டு நிமிர்ந்தான்.

“நாம யாருக்கும் தரலக்கா. சர்வே எடுக்கச் சொன்னவங்க ஒரிஜினல் தாளக் கேட்டாங்க, குடுத்தோம். அவங்க தாளு, அவங்க எடுத்துட்டுப் போனாங்க.”

“எடுக்கச் சொன்னது யாரு?”

“தலைவரோட கட்சிதான். வேற யாரு இவ்ளோ பேர்கிட்ட இதக் கேப்பாங்க?”

“ரகசியம்னு வாசிக்கச் சொன்னீங்களே சார். என் வாயால இல்ல சொன்னேன்!”

“அது ஃபார்ம்ல அச்சடிச்சிருக்கு. அச்சடிச்சத வாசிச்சீங்க. உங்க மேல என்னக்கா தப்பு?” அவன் உண்மையிலேயே அவளுக்கு ஆறுதல் சொல்வதாகத்தான் நினைத்தான்.

அவள் அட்டையை மேஜைமேல் வைத்துவிட்டு வந்துவிட்டாள்.

மறுநாள் காலை ஆய்வக உதவியாளர் வீட்டு வாசலில் நின்றாள். கட்சிக்காரர் கைக்குப் போனது தான் எழுதிய தாள்தான் என்று சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனாள். மனைவி சேலையைச் சரிசெய்துகொண்டு, “ஆட்டோ கிடைக்குமா பாருங்கக்கா, இன்னைக்கு என் முறை” என்றாள். சொல்ல வந்ததைச் சொல்லாமல் தெருமுனைக்கு நடந்தாள். ஆட்டோ பிடித்தாள். அன்றிலிருந்து ஐந்து வாரம், வாரம் மூன்று நாள், அவள்தான் கூட்டிக்கொண்டு போனாள். ஆஸ்பத்திரி நடையில் நீண்ட பெஞ்சில் இருவரும் உட்கார்ந்திருப்பார்கள். எதிர்ச் சுவரில் தலைவரின் படம். “இவரு சின்ன வயசுல நல்லா இருந்திருப்பாருல்ல?” என்று ஒருநாள் கேட்டாள் அந்தப் பெண். கேள்விக்காரிக்குச் சிரிப்பு வந்தது. உண்மையை அன்றைக்கும் சொல்லவில்லை.

ஆறாம் வாரம் வியாழக்கிழமை ஓடிக்கொண்டிருந்த இரண்டு மெஷினும் நின்றுவிட்டன. சனிக்கிழமை வரச் சொன்னார்கள். “இவ தாங்கமாட்டாம்மா, முகத்தப் பாருங்க” என்று கேள்விக்காரி நர்ஸிடம் மன்றாடினாள். “என் கையில என்னம்மா இருக்கு? தனியார்ல பாருங்க” என்றாள் நர்ஸ். தனியார் ஆஸ்பத்திரியில் முன்பணம் கட்டாமல் வாசல் மேஜையைத் தாண்டவே முடியவில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம் அந்தப் பெண்ணுக்கு மூச்சு இழுத்தது. கேள்விக்காரியின் தோளில் சாய்ந்தபடி ஆட்டோவில் வரும்போது பாதி வழியில் அடங்கிவிட்டது.

ஆய்வக உதவியாளர் மறுநாள் விடிந்து வந்து சேர்ந்தார். எல்லாம் முடிந்த நாலாம் நாள் கேள்விக்காரி அவரைப் பார்க்கப் போனாள். கட்டிலை மடித்துச் சுவரோரம் சாத்தியிருந்தார். அவள் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். தாள் எங்கே போனது, யார் கேட்டது, எல்லாம்.

“தெரியும்மா. அந்த ஆளு வந்து பேசின அன்னைக்கே தெரியும்” என்றார்.

“அவங்களுக்கு?”

“அவளுக்கும் தெரியும். தெரிஞ்சுதான் உங்ககூட வந்தா.” மடித்த கட்டிலைச் சுவரோடு இன்னும் ஒட்டித் தள்ளினார். பிறகு கோபமே இல்லாத குரலில் கேட்டார்: “நான் சொன்னா சொல்லிட்டுப் போறேன். நீங்க வெற்றின்னு போட்டிருக்கலாமேம்மா?”

அடித்திருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

ஐந்து மாதம் வீட்டில் கிடந்தாள். துணிக்கடையில் கேட்டாள், நாள் முழுக்க நிற்க வேண்டும் என்றார்கள், கால் ஒத்துழைக்கவில்லை. ஓய்வூதியம் கணவரின் மருந்துக்கே சரியாகப் போயிற்று. தேர்தல் நெருங்கியது. மேற்பார்வையாளனே போன் செய்தான். “உங்கள மாதிரி ஆள் கிடைக்கலக்கா. பழைய அட்டை அப்படியே இருக்கு.” போனாள். அதே ஏழாவது கேள்வி, அதே மூன்று கட்டம்.

இம்முறை அவள் தனக்கென்று ஒரு வழி வைத்துக்கொண்டாள். வெற்றி என்றவர்களுக்கு வெற்றி. தோல்வி என்றவர்கள் எல்லோருக்கும், ஒருவர் விடாமல், கருத்து இல்லை. காரணம் எழுதும் நான்கு கோடும் வெள்ளையாகவே இருந்தன. அவள் தெருக்களில் ஒருவருக்கும் பணிமாற்றம் வரவில்லை, ஒருவர் கடைக்கும் பூட்டு விழவில்லை. அந்த மட்டும் அவள் நினைத்தது நடந்தது.

முடிவு டிவியில் வந்தது. தலைவர் தோற்றுவிட்டார் என்பவர்கள் நூற்றுக்கு எட்டுப் பேர். கருத்தே இல்லாதவர்கள் முன் எப்போதும் இல்லாத அளவு. கோட்டு போட்ட நாலு பேர் உட்கார்ந்து, மக்களுக்கு நாட்டைப் பற்றிய அக்கறையே போய்விட்டது என்று கவலைப்பட்டார்கள். கேள்விக்காரி துணி மடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். தன்னைப் போல் தாளோடு அலைகிற பெண்கள் இன்னும் எத்தனை பேர், அவர்களும் இதையேதான் செய்தார்களா என்ற எண்ணம் வந்ததும் அவள் கை நின்றுவிட்டது. யாரிடம் போய்க் கேட்பது?

தேர்தலில் தலைவர் ஜெயித்தார். வேலையும் தொடர்ந்தது. அடுத்த சுற்றில் ஒரு வீட்டில், கைக்குழந்தையை இடுப்பில் வைத்திருந்த பெண் ஒருத்தி வாசல்படியில் இறங்கி நின்று, தயங்காமல் பேசினாள்.

“தோல்வின்னு போடுங்கக்கா. பெருசாப் போடுங்க. ஒருத்தராவது சொல்லணும்ல?”

கேள்விக்காரி அட்டையைத் தன் பக்கம் சாய்த்துக்கொண்டு மூன்றாவது கட்டத்தில் பேனாவை ஓட்டினாள்.

“போட்டுட்டீங்களா?”

“போட்டுட்டேன்மா.”

அந்தப் பெண் திருப்தியாக உள்ளே போனாள்.